பழ ஈயின் முகம்

மாங்காயில் முட்டையிட வந்தமரும் பழ ஈயைப் படம்பிடிப்போர் பெரும்பாலும் அதன் முதுகையே பிடிக்கின்றனர். ஏறத்தாழ 7 மி.மீ. நீளமுள்ள, சிறு குளவியென மயங்கத்தக்க உடலும், மார்பின் இருமருங்கும் ஓடும் மஞ்சள் வரிகளும் அதில் நன்கு விழும். அழகிய படந்தான். ஆனால் இந்தியத் தோப்புகளில் மாவையும் கொய்யாவையும் கெடுக்கும் டார்சாலிஸ், சோனேட்டா, கரெக்டா ஆகிய மூன்று பாக்ட்ரோசெரா இனங்களுக்கும் அவ்வரிகள் பொது.

சிறகின் முன்விளிம்பே முதற் சான்று. டார்சாலிசில் அவ்விளிம்பை ஒட்டி மெல்லிய பழுப்புப் பட்டை ஒன்று நுனிவரை அறுபடாது செல்கிறது. மற்ற இரண்டிலும் அது இடையே அறுந்து, நுனியில் சிறு புள்ளியாக எஞ்சுகிறது. ஈ இலைமேல் நின்று சிறகை மாறிமாறி அசைக்கும் தறுவாயில் படமெடுத்தால் இவ்வேறுபாடு தெளியும்.

சோனேட்டாவையும் கரெக்டாவையும் தம்முள் பிரிப்பதே கடினம். முன்னதன் மார்பு செம்பழுப்பு, பின்னதன் மார்பு பெரிதும் கருமை என்பது உண்மையே. எனினும் உச்சிவெயிலில் ஒளி மிகுந்த படத்தில் கருமையும் வெளிறிப் பழுப்பாகும். நிறத்தை நான் கடைசியாகவே நம்புவேன். முகத்தைப் பார்க்க வேண்டும். உணர்கொம்புகளுக்குக் கீழே சோனேட்டாவுக்கு இரு கரும்புள்ளிகள் தனித்தனியே நிற்கும். கரெக்டாவில் அவை பக்கவாட்டில் நீண்டு, வாய்க்கு மேலே ஒரு கிடைக்கோடுபோல் நெருங்கிவிடும். முதுகுப் படத்தில் இது கிட்டாது. ஈயின் முன்னே தாழ்ந்து, நேர்முகமாக ஒரு படம் எடுத்தாக வேண்டும். பொறியில் சிக்கியது என்பதும் உதவாது: பொறியில் கவர்ச்சிப்பொருளாக வைக்கும் மெத்தில் யூஜினாலின் மணத்துக்கு மூன்றின் ஆண்களும் வருகின்றன.

நிறம் ஏய்ப்பதற்குப் பெரிய சான்றும் உண்டு. 2003இல் கென்யாவில் கண்டறியப்பட்ட ஓர் ஈ, 2005இல் இன்வேடன்ஸ் எனத் தனியினமாகப் பெயர் பெற்றது. இலங்கையே அதன் தாயகம் என்று கருதினர். மார்பின் நிறம் செம்பழுப்பு முதல் கருமைவரை மாறுபடுவது அதன் அடையாளங்களுள் ஒன்று. உருவம், மரபணு, இணைசேரும் இயல்பு அனைத்தையும் சேர்த்து ஆய்ந்தபின், 2015இல் அது டார்சாலிசே என முடிவாயிற்று. உடலைக் கையில் வைத்து ஆய்ந்தோருக்கே பத்தாண்டு பிடித்தது.

தென்னிந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. டார்சாலிசை ஒத்த காரியே என்னும் இனம் இங்கு வாழ்கிறது. காரியேயின் தொடைகளில் கருந்தடங்கள் உண்டு. டார்சாலிசின் தொடைகள் மஞ்சளாக இருக்கும். கால்கள் உடலுக்கடியில் மறைந்த படமானால், சிறகுப் பட்டை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ‘டார்சாலிஸ் கூட்டம்’ என்று எழுதி நிறுத்திக்கொள்வதே முறை.