பழைய லென்ஸும் புதிய காமிராவும்

மாஸ்கோவுக்கு அருகில் கிராஸ்னகோர்ஸ்க் என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்த தொழிற்சாலை ஒன்றில் 1960, 1970-ஆம் ஆண்டுகளில் ஜெனிட் என்னும் பிலிம் காமிராக்கள் லட்சக்கணக்கில் செய்யப்பட்டன. அவற்றின் முகப்பில் ஹீலியாஸ்-44-2 என்ற லென்ஸ் பொருத்தப்பட்டிருக்கும். ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனம் உருவாக்கிய பயோட்டார் லென்ஸின் அமைப்பைப் பின்பற்றி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் நாட்டில் எழுந்தது இது. பிலிம் காலம் மங்கியதும் ஜெனிட் காமிராக்கள் பரணுக்குப் போயின. ஆனால் அவற்றின் லென்ஸ்களைக் கழற்றி, இன்றைய டிஜிட்டல் காமிராவில் மாட்டிப் படம் எடுக்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

அரை நூற்றாண்டுக்கு முந்திய கண்ணாடி இன்றைய மின்னணுக் கருவியோடு எப்படி ஒத்துப்போகிறது? ஒன்றை யோசித்துப் பாருங்கள். காமிராவில் மாறியது எது? பிலிம் இருந்த இடத்தில் சிலிக்கானால் ஆன ஒளி உணரி வந்துவிட்டது. ஒளியோ மாறவில்லை. லென்ஸ் தன் பின்னால் ஓரிடத்தில் பிம்பத்தை விழச் செய்கிறது. அங்கே இருப்பது பிலிமா, உணரியா, வெள்ளைக் காகிதமா என்று அதற்குத் தெரியாது. ஆகவே கேள்வி ஒன்றுதான்: பிம்பம் சரியான இடத்தில் விழுமா?

ஒரு மில்லிமீட்டர் செய்யும் வேலை

ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரருகே நில்லுங்கள். வெளியே தூரத்து மரத்தின் தலைகீழ்ப் பிம்பம் ஒரு காகிதத்தில் தெளிவாக விழும்படி கண்ணாடியை நகர்த்துங்கள். கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் இடையே உள்ள தூரமே ஏறக்குறைய அதன் குவியத் தூரம். இனி அறைக்குள்ளேயே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, அதன் பிம்பத்தைப் பிடித்துப் பாருங்கள். கண்ணாடியைக் காகிதத்திலிருந்து இன்னும் சற்று விலக்க வேண்டியிருக்கும். காமிரா லென்ஸின் வளையத்தைத் திருகும்போது நடப்பதும் இதுவே. கிட்டப் பொருளுக்கு லென்ஸ் வெளியே வருகிறது; எட்டப் பொருளுக்கு உள்ளே போகிறது.

ஆனால் எவ்வளவு உள்ளே போகலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. லென்ஸின் அடிப்பகுதி காமிராவின் முகப்பு வளையத்தில் உட்கார்ந்திருக்கிறது அல்லவா? அந்த வளையத்திலிருந்து பிலிம் அல்லது உணரி வரையுள்ள தூரத்தை வளையத் தூரம் என்று வைத்துக்கொள்வோம். ஹீலியாஸ் லென்ஸ் எம்42 என்ற திருகு மரையைக் கொண்டது. மரையின் விட்டம் 42 மி.மீ., வளையத் தூரம் 45.46 மி.மீ. நிக்கான் நிறுவனம் 1959-இல் கொண்டுவந்த எஃப் வகைக் காமிராக்களில் இது 46.5 மி.மீ. வித்தியாசம் 1.04 மி.மீ. மட்டுமே. இதனால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

உங்கள் பௌதிகப் பாடத்தில் உள்ள லென்ஸ் சமன்பாட்டை இப்படியும் எழுதலாம்:

பொருளின் தூரம் = (குவியத் தூரம் × பிம்பத் தூரம்) ÷ (பிம்பத் தூரம் − குவியத் தூரம்)

ஹீலியாஸின் குவியத் தூரம் 58 மி.மீ. நிக்கான் காமிராவில் அதை எவ்வளவு உள்ளே திருகினாலும் பிம்பத் தூரம் 59.04 மி.மீ.க்குக் கீழே இறங்காது. 58-ஐ 59.04-ஆல் பெருக்கி 1.04-ஆல் வகுத்தால் சுமார் 3,290 மி.மீ. வரும். அதாவது 3.3 மீட்டருக்கு அப்பால் எதுவுமே தெளிவாக விழாது! மலையும் நிலவும் இருக்கட்டும், தெருவின் எதிர்ப்பக்கத்து வீடுகூட மங்கல்தான். இணைப்பு வளையத்துக்குக் கனமே இல்லை என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. கனம் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

பழைய காமிராக்களில் வளையத் தூரம் இவ்வளவு அதிகமாக இருந்ததற்குக் காரணம் ஒரு கண்ணாடி. லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே 45 பாகைச் சாய்வில் நின்று, பிம்பத்தை மேலே திருப்பி, படம் எடுப்பவர் கண்ணுக்குக் காட்டும் கண்ணாடி அது. பொத்தானை அழுத்தும்போது அது சட்டென்று மேலே மடங்கி வழிவிடும். மடங்குவதற்கு இடம் வேண்டாமா?

டிஜிட்டல் காமிராவில் உணரி பார்ப்பதையே ஒரு சிறு திரையில் காட்டிவிடலாம் என்றானதும் கண்ணாடி தேவையற்றுப் போயிற்று. இவ்வகையில் முதலாவதான பானசோனிக் ஜி1, 2008-இல் வந்தது. 2010-இல் வந்த சோனியின் இ வகைக் காமிராக்களில் வளையத் தூரம் வெறும் 18 மி.மீ. பழைய லென்ஸுக்கு வேண்டியது 45.46, காமிரா தருவது 18. மீதி 27.46 மி.மீ. நீளத்துக்கு ஓர் உலோகக் குழாயை நடுவில் வைத்தால் தீர்ந்தது. அடாப்டர் என்று கடையில் விற்பது இந்தக் குழாயைத்தான். உள்ளே கண்ணாடி கிடையாது, மின்சாரம் கிடையாது, இருப்பது காற்று! கண்ணாடி வைத்த அடாப்டர்களும் உண்டு. அவை நிக்கான் எஃப் போன்ற இடங்களில் தூரத்தைத் திருத்துவதற்காக வந்தவை. பெரும்பாலும் பிம்பத்தைக் கெடுப்பவை, தவிர்ப்பதே நல்லது.

சுழலும் பின்னணி

ஹீலியாஸுக்கு இன்று தேடல் இருப்பதற்கு அதன் குறை ஒன்றே காரணம் என்றால் நம்புவீர்களா? துளையை முழுவதும் திறந்து, இலைகளுக்கு முன்னே ஒருவரை நிறுத்திப் படம் எடுத்தால், பின்னணியில் உள்ள ஒளிப் புள்ளிகள் அவரைச் சுற்றிச் சுழல்வதுபோல் தோன்றும்.

இரண்டு வளையல்களை ஒன்றின் பின் ஒன்றாகச் சற்று இடைவெளி விட்டுப் பிடியுங்கள். நேராகப் பார்த்தால் முழு வட்டம் தெரியும். சாய்வாகப் பார்த்தால் இரண்டுக்கும் பொதுவான திறப்பு பாதாம் பருப்பு வடிவமாகிவிடும். லென்ஸின் முன் விளிம்பும் பின் விளிம்பும் இந்த வளையல்களே. படத்தின் ஓரத்துக்கு வரும் ஒளி சாய்வாக வருவதால், வட்டமாக இருக்க வேண்டிய மங்கல் புள்ளிகள் பாதாம்களாகி, நடுவைச் சுற்றி வரிசையாக நிற்கின்றன. லென்ஸின் வேறு சில பிறழ்ச்சிகளும் இதற்குத் துணை செய்கின்றன. எஃப்/2-இல் துளையின் விட்டம் 29 மி.மீ.; எஃப்/5.6-க்குச் சுருக்கினால் சுமார் 10 மி.மீ. அவ்வளவு சிறிய துளையை விளிம்புகள் வெட்டுவதில்லை. சுழலும் மறைந்துவிடும்.

இந்த லென்ஸுக்குள் ஆறு கண்ணாடிகள் நான்கு தொகுதிகளாக இருக்கின்றன. காற்றைத் தொடும் பரப்புகள் எட்டு. பூச்சில்லாத ஒவ்வொரு பரப்பும் ஏறக்குறைய 4 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும். 0.96-ஐ எட்டு முறை பெருக்கினால் 0.72. கால் பங்குக்கு மேல் ஒளி வீண்! வீணாவதோடு நில்லாமல் உள்ளேயே எதிரொளித்துப் படத்தை வெளுக்கவும் செய்யும். இதைத் தடுக்கும் மெல்லிய பூச்சை 1935-இல் ஜெய்ஸில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்டார். பழைய லென்ஸ்களில் பெரும்பாலும் ஒற்றைப் பூச்சே உண்டு. எனவே சூரியனை எதிரே வைத்துப் படம் எடுத்தால் அவை திணறும்.

மஞ்சளான கண்ணாடி

ஜப்பானின் அசாஹி நிறுவனம் செய்த சூப்பர்-டாக்குமார் 50 மி.மீ. லென்ஸ்களில் சில, தேநீர் நிறத்தில் கிடைக்கும். அழுக்கு என்று துடைத்துப் பயனில்லை. ஒளிவிலகல் எண்ணைக் கூட்டி, நிறப்பிரிகையைக் குறைவாக வைக்க, அக்கண்ணாடியில் தோரியம் ஆக்சைடு சேர்க்கப்பட்டது. தோரியம் கதிரியக்கத் தனிமம். அரை ஆயுட்காலம் சுமார் 1,400 கோடி ஆண்டுகள்! அதன் கதிர்கள் கண்ணாடியில் எலெக்ட்ரான்களை இடம்பெயர்க்கின்றன. அவை குறைபாடுள்ள இடங்களில் சிக்கி நீல ஒளியை விழுங்குவதால் கண்ணாடி மஞ்சளாகத் தெரிகிறது. புற ஊதாக் கதிர் பட்டால் சிக்கிய எலெக்ட்ரான்கள் விடுபட்டு, சில நாள்களிலோ வாரங்களிலோ நிறம் வெளுக்கும்.

வெயிலில் வைத்துவிடலாமே என்று உடனே கிளம்ப வேண்டாம். குவிந்த சூரிய ஒளி துணியையும் மேசையையும் எரித்துவிடும். புற ஊதா விளக்கே மேல். அதையும் பெரியவர் ஒருவர் உடனிருக்கச் செய்ய வேண்டும், விளக்கை நேரே பார்க்கக் கூடாது. இத்தகைய லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்ப்பதும், அதன் கண்ணாடியைத் தேய்ப்பதும் உடைப்பதும் கூடாது.

நம் கடற்கரை ஊர்களில் இன்னொரு பகைவன் பூஞ்சை. ஈரக் காற்றில் மூடிக் கிடக்கும் லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் படர்ந்து, பூச்சை அரித்துவிடும். லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வைப்பது நல்ல காப்பு.

படம் எடுக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய லென்ஸில் மின் தொடர்புகள் இல்லாததால், எதுவும் மாட்டப்படவில்லை என்றே காமிரா நினைக்கும். லென்ஸ் இல்லாமலும் படம் எடுக்க அனுமதிக்கும் அமைப்பை முதலில் இயக்க வேண்டும். துளையையும் தெளிவையும் கையால் திருக வேண்டும். உணரிமேல் விழும் ஒளியைக் காமிராவே அளந்துகொள்ளும். தெளிவான விளிம்புகளுக்குத் திரையில் வண்ணம் பூசிக் காட்டும் வசதியும் பல காமிராக்களில் உண்டு. ஓடுகிற பந்துக்கு இதெல்லாம் ஒத்துவராது. பூவுக்கும் முகத்துக்கும் போதும்.

கடைசியாக ஒரு கணக்கு. பழைய லைக்கா திருகு லென்ஸ்களின் வளையத் தூரம் 28.8 மி.மீ. அவற்றில் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றை எடுத்து, எம்42 காமிராவின் முன் எப்படியோ பொருத்திவிட்டோம் என்று கொள்வோம். அது தெளிவாகக் காட்டக்கூடிய மிகத் தொலைவான பொருள் எங்கே இருக்கும்? விடை உங்கள் பெட்டியிலுள்ள 30 செ.மீ. ஸ்கேலுக்குள் அடங்கும்.