பள்ளி வாசலுக்கும் வீட்டு வாசலுக்கும் இடையே

கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டொன்றுக்கு 200 வேலைநாட்களையும், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 220 வேலைநாட்களையும் குறைந்த அளவாக வரையறுத்திருக்கிறது. எஞ்சும் நாட்களும், ஒவ்வொரு வேலைநாளிலும் மாலை மணி அடித்தது முதல் மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டம் வரையுள்ள நேரமும் வீட்டுக்கும் தெருவுக்கும் உரியவை. குழந்தையின் உடலோ இந்த எல்லையை அறியாது. நண்பகலில் பள்ளியில் விழுங்கிய மாத்திரையின் வயிற்றுப் புரட்டல் மாலையில் வீட்டில் வெளிப்படும், வீட்டுக் கொல்லையில் செருப்பின்றித் திரிந்தபோது காலில் ஏறிய கொக்கிப்புழு வகுப்பறையில் சோர்வாகத் தலைகாட்டும். இத்தொடரின் முந்தைய பகுதிகள் பாடத்திட்டத்தையும் விளையாட்டுத் திடலையும் தனித்தனியே ஆராய்ந்தன. இப்பகுதி, குழந்தையின் உடல்நலம் பற்றிய பொறுப்பு ஆசிரியர் கையிலிருந்து பெற்றோர் கைக்கும், பெற்றோர் கையிலிருந்து ஆசிரியர் கைக்கும் மாறுகின்ற இடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் இத்துறையில் திட்டங்களுக்கும் பஞ்சமில்லை, பெற்றோரின் அக்கறைக்கும் பஞ்சமில்லை. பழுது பெரும்பாலும் அந்தக் கைமாற்றத்தில்தான் நேர்கிறது.

உடற்கல்வி என்பது ஓட்டம், தாண்டுதல், குழு விளையாட்டு முதலிய இயக்கங்களின் வழியே உடலைப் பழக்குவது. நலக்கல்வி என்பது உணவு, தூய்மை, உறக்கம், பருவ மாற்றம், நோய்த்தடுப்பு ஆகியவை பற்றிய அறிவையும் பழக்கத்தையும் தருவது. முன்னதைப் பள்ளியின் வேலை என்று பெற்றோரும், பின்னதை வீட்டின் வேலை என்று ஆசிரியரும் ஒதுக்கிவிடுவது நடைமுறையில் காணப்படுகிற பாகப்பிரிவினை. இந்தப் பிரிவினை இரு பக்கத்திலும் தவறானது.

முதலில் திடலைப் பார்க்கலாம். ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டின் வழிகாட்டுதலில் கூறுகிறது. அதாவது வாரத்துக்கு 420 நிமிடம். வாரத்தில் இரண்டு பாடவேளைகள் உடற்கல்விக்கு ஒதுக்கப்பட்டு, அவை இரண்டும் ஒரு நிமிடம்கூடக் குறையாமல் நடந்தாலும் தொண்ணூறு நிமிடத்தைத் தாண்டாது. எனவே மிகச் சிறந்த பள்ளியால்கூட இக்கடமையில் கால் பங்கைக்கூட நிறைவேற்ற முடியாது என்பதும், முக்கால் பங்குக்கு மேல் மாலை நேரத்துத் தெருவையும் விடுமுறை நாளையும் நம்பியிருக்கிறது என்பதும் எளிய கணக்கு. அந்தக் குறைந்த பங்கும் முழுதாகக் கிடைப்பதில்லை. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, ஆசியாவிலேயே இவ்வகையில் முதலாவதாகக் கருதப்படுவது. நூறாண்டுக்கும் மேலாக உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கிவரும் ஊரில், ‘போர்ஷன் முடியவில்லை’ என்ற ஒரே சொல்லுக்குப் ‘பி.டி. பீரியட்’ கணக்குப் பாடத்துக்குத் தாரை வார்க்கப்படுவது வருத்தத்துக்குரியது. பழியை ஆசிரியர்மேல் மட்டும் போடுவதில் நியாயமில்லை; கணக்கு வகுப்பு ரத்தானால் கேள்வி கேட்கிற பெற்றோர், விளையாட்டு வகுப்பு ரத்தானால் கேட்பதில்லை என்பதைப் பள்ளி நன்றாகவே தெரிந்துவைத்திருக்கிறது.

கேட்பதற்கு உரிமை இல்லாமலில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடலும், ஒவ்வொரு வகுப்புக்கும் தேவைக்கேற்ற விளையாட்டுப் பொருள்களும் இருக்க வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டு வரை நூறு பேருக்கு மேல் படிக்கும் பள்ளியில் நலக்கல்விக்கும் உடற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். கூட்டத்தில் சுற்றுச்சுவரும் குடிநீர்த் தொட்டியும் பேசப்படுகின்றன, பேசப்பட வேண்டியவைதாம்; ஆனால் கடந்த மாதம் எத்தனை விளையாட்டு வகுப்புகள் நடந்தன என்ற ஒரு கேள்வி கூட்டக் குறிப்பில் ஏறுவது அரிது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இக்குழுவும் கட்டாயமில்லை; அங்கே ஆசிரியரும் பெற்றோரும் சந்திக்கும் நாளில் இருவருக்கும் நடுவே மேசைமேல் இருப்பது மதிப்பெண் பட்டியல் ஒன்றுதான்.

பெண் குழந்தையின் நிலை இன்னும் இறுக்கமானது. வயதுக்கு வந்ததும் ஓட்டப் பயிற்சிக்கு அனுப்பத் தயங்குகிற வீடுகள் இன்றும் பல. மாலை இருட்டிய பிறகு எப்படித் திரும்புவாள், கால்சட்டையில் ஓடினால் அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்கள் என்பவை அற்பமான கேள்விகள் அல்ல. அவற்றுக்கு வீடு தேடிச் சென்று பதில் சொல்லுகிற உடற்கல்வி ஆசிரியை வாய்த்த ஊர்களில் கபடி அணி உருவாகிறது, வாய்க்காத ஊர்களில் ஒன்பதாம் வகுப்போடு ஓட்டம் நின்றுவிடுகிறது. எலும்பின் அடர்த்தி பெரும்பகுதி வளரிளம் பருவத்தில்தான் சேர்கிறது என்பதால், அந்த வயதில் இழந்த ஓட்டத்தைப் பிற்காலத்தில் ஈடுகட்டுவது கடினம்.

கைமாற்றம் தவறுவதை மிக அருகிலிருந்து காட்டக்கூடியது இரும்புச்சத்து மாத்திரை. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. அதாவது உடலெங்கும் உயிர்வளியைக் கொண்டுசெல்லும் ஹீமோகுளோபின் அவர்களின் இரத்தத்தில் போதிய அளவில் இல்லை. இதற்காக 5 முதல் 9 வயதினருக்கு இளஞ்சிவப்பு மாத்திரையும், 10 முதல் 19 வயதினருக்கு 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் அடங்கிய நீல மாத்திரையும் வாரம் ஒருமுறை வழங்கப்பட வேண்டும். குறித்த நாளில் சத்துணவு முடிந்ததும் வகுப்பாசிரியை மாத்திரை அட்டையைப் பிரித்து, உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்து, தண்ணீர் குடிக்கச் சொல்லி, விழுங்கியாயிற்றா என்று வாயைத் திறக்கவும் சொல்லுகிறார். பள்ளியின் பங்கு அத்துடன் முடிகிறது. அன்று சாப்பாடு பிடிக்காமல் தட்டை ஒதுக்கிய பிள்ளைக்கு மாலையில் வயிறு புரட்டுகிறது. மறுநாள் மலம் கறுத்துப் போகிறது. இரும்பு மாத்திரை உண்டால் மலம் கறுப்பது இயல்பு என்பதைத் தாயிடம் எவரும் சொல்லியிருக்கவில்லை. அடுத்த வாரம், “டீச்சர் குடுத்தா வாங்கிக்க கண்ணு, முழுங்காத, வெளிய வந்து துப்பிடு” என்று வீட்டில் சொல்லியனுப்பப்படுகிறது; மாத்திரை நாக்குக்கு அடியில் ஒதுங்கிக் கழிவறைக்குப் பின்னால் விழுகிறது. ஆசிரியையின் பதிவேட்டில் அது உட்கொள்ளப்பட்டதாகவே இருக்கும். அந்தத் தாயின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. தன் பிள்ளையின் உடலில் ஒரு மாற்றத்தைக் கண்டு, காரணம் தெரியாமல், தன்னால் இயன்ற ஒரே பாதுகாப்பை அவள் செய்கிறாள். மாத்திரை தொடங்குவதற்கு முன்பே, வெறும் வயிற்றில் வேண்டாம், மலம் கறுக்கும், உணவை ஒட்டித் தேநீர் கொடுத்தால் அதிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இரும்பை உடலில் சேரவிடாது, நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சையோ சேர்த்தால் நன்றாகச் சேரும் என்ற நான்கு செய்திகள் வீட்டை எட்டியிருந்தால், மாத்திரையின் மறுபாதி வேலையை அந்தத் தாயே செய்திருப்பாள்.

குடற்புழு மாத்திரையும் இதே வகையைச் சேர்ந்தது. அல்பெண்டசோல் அன்றிருக்கும் புழுவைக் கொல்லுமே தவிர, நாளை ஏறப்போகும் புழுவைத் தடுக்காது. நகம் வெட்டுவதும், சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், செருப்பும், கழிப்பறையும் வீட்டின் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்வதில்லை.

கண்ணின் செய்தி சற்று நீளமானது. பயிற்சி பெற்ற ஆசிரியர் ஆறு மீட்டர் தொலைவை அளந்து சாக்பீஸால் கோடு கிழித்து, நான்கு திசையிலும் திரும்பியிருக்கும் ஆங்கில ‘ஈ’ எழுத்துகள் கொண்ட அட்டையைச் சுவரில் மாட்டி, குழந்தை ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடிக்கொண்டு, எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் நீள்கின்றன என்று மூன்று விரலால் காட்டும்படி செய்வார். தவறிய குழந்தைகளின் பட்டியல் கண் மருத்துவ உதவியாளருக்குப் போகும். பின்னர்க் கண்ணாடி வரும். வந்த கண்ணாடி மூக்கில் ஏறாமல் பைக்குள்ளேயே கிடப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, ‘சோடாபுட்டி’ என்ற வகுப்பறைக் கேலி, அதைத் தடுப்பது ஆசிரியரின் வேலை. மற்றொன்று, பெண் பிள்ளைக்குக் கண்ணாடியா என்ற வீட்டுக் கவலை. பொன்னாங்கண்ணியும் கேரட்டும் தந்தால் பார்வை சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் இங்கே குறுக்கிடுகிறது. வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு அவ்வுணவுகள் துணைசெய்யும். கண்விழி நீண்டுவிட்டதால் தொலைவிலுள்ளது மங்கலாகத் தெரிகிற கிட்டப்பார்வையை எந்தக் கீரையும் திருத்தாது. அதை வராமல் தள்ளிப்போடுவதில் வெளிச்சத்துக்குப் பங்குண்டு. சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப்பள்ளிகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், பாதிப் பள்ளிகளில் நாள்தோறும் 40 நிமிடம் வெளிப்புற வகுப்பு கூடுதலாகச் சேர்க்கப்பட்டது; வார இறுதியிலும் விடுமுறையிலும் குழந்தைகளை வெளியே அழைத்துச்செல்லும்படி பெற்றோரும் ஊக்குவிக்கப்பட்டனர். மூன்றாண்டுகளில் கிட்டப்பார்வை புதிதாகத் தோன்றியவர்கள் அப்பள்ளிகளில் 30.4 விழுக்காடு, மற்றப் பள்ளிகளில் 39.5 விழுக்காடு. கணக்குப் பாடத்துக்குக் கொடுத்த விளையாட்டு வகுப்பை இந்த எண்களோடு சேர்த்துப் பார்ப்பது தகும்.

இரு தரப்பும் ஒரே சமயத்தில் மௌனமாக இருக்கும் பாடம் ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூலில் வளரிளம் பருவம் பற்றிய பாடம் எட்டாம் வகுப்பு அறிவியலில் வருகிறது; அவ்வகுப்பில் படிக்கும் பெண்ணுக்கு வயது பதின்மூன்று. முதல் மாதவிடாய் பலருக்கு அந்த வயதிலோ அதற்கு முன்போ வந்துவிடுகிறது. ஆகவே, பாடம் வகுப்பை அடைவதற்குள் நிகழ்ச்சி முடிந்துவிட்ட பெண்கள் ஏராளம். பள்ளியில் சொல்லித் தருவார்கள் என்று தாயும், தாய் சொல்லியிருப்பாள் என்று ஆசிரியையும் இருக்க, பந்தல் போட்டு, பத்திரிகை அடித்து, மஞ்சள் நீராட்டி ஊருக்கே அறிவிக்கப்படும் ஒரு செய்தியைப் பற்றி, அந்தப் பெண் ஒருத்திக்கு மட்டும் முன்கூட்டி எதுவும் தெரியாமல் போகிறது. ஆண் பிள்ளைகளுக்கோ வீட்டில் யாரும் எப்போதும் எதுவும் சொல்வதில்லை.

பகிர்வுக்கு முன்மாதிரி தமிழ்நாட்டிலேயே இருந்தது. காமராசர் காலத்தில் 1956இல் தொடங்கிய மதிய உணவு, பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று திரட்டிய ஊர் மக்களின் நன்கொடையையும் நம்பியே நடந்தது. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பணமும் பொருளுமாக ஊரார் கொடுத்தனர். 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டமும், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அப்பொறுப்பை அரசின் தோளில் ஏற்றின. ஊராரின் மனமிரக்கத்துக்குக் காத்திருக்காமல் உணவு உரிமையானது பெரும் பேறு. அதற்கு ஈடாக, பெற்றோர் சமையற்கூடத்துக்குள் எட்டிப்பார்க்கும் பழக்கம் தேய்ந்தது சிறு இழப்பே என்றாலும் இழப்புதான். மேலாண்மைக் குழுவின் தாய்மார்கள் முறைவைத்து அன்றைய சாம்பாரை ருசி பார்த்தால் அதைத் திரும்பப் பெறலாம்.

வீட்டிலிருந்து பள்ளிக்குப் போக வேண்டிய செய்தியே அதிகம் தடைப்படுகிறது. வெயிலில் நாற்பது பிள்ளைகளைத் திடலைச் சுற்றி ஓடவிடும் உடற்கல்வி ஆசிரியருக்கு, அவர்களில் எவருக்கு இழுப்பு, எவருக்கு வலிப்பு, எவருக்கு இதயத்தில் பிறவிக் குறை என்று தெரிந்திருக்க வேண்டும். வலிப்பை, பெண் குழந்தையாயின் திருமணம் கெடும் என்றஞ்சி, பெற்றோர் மறைக்கின்றனர். சொன்னால் விளையாட்டிலிருந்தே பிள்ளையை ஒதுக்கிவைப்பார்கள் என்ற அச்சமும் உண்டு, அது ஆதாரமற்றதும் அன்று. முறையான மருந்தோடு இழுப்புள்ள குழந்தையும் ஓடலாம் என்பதை ஆசிரியர் அறிந்திருந்தால்தான் பெற்றோருக்கு வாய் திறக்கும்.

ஜப்பானியத் தொடக்கப்பள்ளிகள் பலவற்றில் பெற்றோரும் ஆசிரியரும் மாறிமாறி எழுதும் தொடர்புக் குறிப்பேடு ஒன்று பிள்ளையின் பையிலேயே போய்வருகிறது. கோடையில் நீச்சல் வகுப்பு உள்ள நாளில் அதனோடு ஓர் அட்டையும் சேரும்: காலையில் வீட்டில் பிள்ளையின் உடல் வெப்பத்தை அளந்து, எண்ணைக் குறித்து, பெற்றோர் தம் முத்திரையை இட்டு அனுப்ப வேண்டும். முத்திரை இல்லாத பிள்ளை அன்று நீரில் இறங்குவதில்லை. கரையில் அமர்ந்து மற்றவர்கள் நீந்துவதைப் பார்க்கும்.