பஞ்சர் ஆனால் பயம் எதற்கு?



தெருவிலும் மைதானத்திலும் வட்டமடித்துச் சைக்கிள் பழகிவிட்டீர்கள். இனிப் பள்ளிக்கும் டியூஷனுக்கும் பெரிய சாலையில் போகப் போகிறீர்கள். சிலருக்கு அண்ணன் ஓட்டிய பழைய சைக்கிள். சிலருக்குப் பிறந்த நாள் பரிசாக வந்த புது சைக்கிள். அரசுப் பள்ளியில் படிக்கும் உங்கள் அக்காவும் அண்ணனும் பிளஸ் 1 வகுப்பில் விலையில்லா சைக்கிள் வாங்கியிருப்பார்கள். எந்தச் சைக்கிளாக இருந்தால் என்ன? நெருஞ்சி முள்ளுக்குப் பழையது, புதியது என்ற பேதமே கிடையாது!

ஊருக்குள் பஞ்சர் ஆனால் கவலை இல்லை. முச்சந்தியில் கடை இருக்கும். ஆனால், இரண்டு பக்கமும் வேலிக் கருவை மண்டிய சாலையில், தேர்வுக்குப் போகும் காலை நேரத்தில் காற்று இறங்கினால்? பொழுது சாயும் வேளையில் இறங்கினால்? பஞ்சர் ஒட்டத் தெரிந்த பிள்ளை அரை மணி நேரத்தில் மறுபடியும் கிளம்பிவிடும். தெரியாத பிள்ளை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடக்க வேண்டியதுதான்.

இது பெரிய வித்தை அல்ல. பெரியவர் ஒருவர் துணையோடு இரண்டு முறை செய்து பார்த்தால் கைவந்துவிடும். வாருங்கள், கற்றுக்கொள்வோம்.

கிளம்பும் முன் ஒரு நிமிடம்

சைக்கிளில் ஏறும் முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள். டயரைக் கட்டை விரலால் அழுத்துங்கள். கல் மாதிரி இருக்க வேண்டும், பூரி மாதிரி அமுங்கக் கூடாது. இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள். மணி அடிக்கிறதா என்று பாருங்கள். சீட்டில் உட்கார்ந்தபடியே கால் விரல்கள் தரையைத் தொடுகின்றனவா என்று பாருங்கள்.

துப்பட்டா, தாவணி, புத்தகப் பையின் வார் எதுவும் சக்கரத்தின் பக்கம் தொங்கக் கூடாது. கம்பிகளில் சுற்றிக்கொண்டால் ஆளையே இழுத்துக் கீழே தள்ளிவிடும். பேன்ட் அணிந்தவர்கள் செயின் பக்கத்துக் காலை மடித்துவிட்டுக் கொள்ளுங்கள். தலைக்கு ஹெல்மெட் இருந்தால் மிகவும் நல்லது. பின்புறம் சிவப்பு பிரதிபலிப்பான் கட்டாயம் வேண்டும். பின்னால் வரும் லாரிக்காரர் இருட்டில் உங்களைக் காண்பது அதை வைத்துத்தான்.

பைக்குள் ஒரு பணிமனை

பழைய பென்சில் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வைக்க வேண்டியவை இவை:

டயர் லீவர் இரண்டு. கிடைக்காவிட்டால் முனை மழுங்கிய ஸ்பூன் காம்பு போதும். ஸ்குரூ டிரைவர் மட்டும் வேண்டாம். அது டியூபில் இன்னொரு ஓட்டை போட்டுவிடும்.

சிறிய சொல்யூஷன் ட்யூப் ஒன்று, உப்புத்தாள் ஒரு துண்டு.

பழைய டியூபில் வெட்டிய ஒட்டுத் துண்டுகள் நான்கைந்து. மூலைகளை வட்டமாக வெட்டிக்கொள்ளுங்கள். கூரான மூலைதான் முதலில் பெயர்ந்து எழும்பும்.

வால் டியூப் இரண்டு, ஒரு பால்பாயிண்ட் பேனா, ஓர் ஊக்கு, ஒரு துணி.

இவற்றோடு கையால் அடிக்கும் சிறிய பம்பு ஒன்றையும் சைக்கிளில் மாட்டிவிட்டால் உங்கள் பணிமனை தயார்.

காற்றடைத்த டயர் வந்த கதை

பஞ்சர் ஆவதே காற்றால்தானே? பிறகு ஏன் காற்றை அடைக்கிறார்கள் என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. அந்தக் காலத்துச் சைக்கிள் சக்கரங்களில் கெட்டி ரப்பர்தான் இருந்தது. கல்லில் ஏறினால் எலும்பெல்லாம் குலுங்கும். ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் 1845லேயே காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். ஆனால் அது அப்போது பரவவில்லை. 1888ல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த ரப்பர் குழாயைப் பொருத்தினார். ஓட்டம் மெத்தை போல ஆனது. உலகமே அதன் பின்னால் ஓடியது.

ஆனால் ஒரு தொல்லை. அந்த டயரை ரிம்மோடு சேர்த்து ஒட்டியிருந்தார்கள். 1889ல் பிரான்ஸ் நாட்டில், மிஷ்லின் சகோதரர்களின் ரப்பர் தொழிற்சாலைக்கு ஒருவர் பஞ்சரான சைக்கிளோடு வந்தார். அதைச் சரிசெய்ய மூன்று மணி நேரம் பிடித்தது. பசை காய ஓர் இரவு முழுக்க வேண்டியிருந்தது. மறுநாள் ஓட்டிப் பார்த்தால், சில நூறு மீட்டரிலேயே மறுபடியும் காற்று இறங்கிவிட்டது! 'எளிதாகக் கழற்றி மாட்டும் டயராக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்' என்று அவர்கள் யோசித்தார்கள். 1891ல் அத்தகைய டயரைச் செய்தும் காட்டினார்கள். அதே ஆண்டு பாரீசிலிருந்து பிரெஸ்ட் நகருக்குப் போய்த் திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் போட்டியில், அந்த டயரைப் பொருத்தி ஓட்டிய சார்ல் தெரோன் முதலாவதாக வந்தார். இன்று நீங்கள் சாலையோரத்தில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்ட முடிகிறதென்றால், அந்தக் கழற்றி மாட்டும் டயர்தான் காரணம்.

முதலில் வால்வைப் பாருங்கள்

காற்று இறங்கியதெல்லாம் பஞ்சர் அல்ல. காற்றடித்துவிட்டு வால்வின் மேல் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். குமிழி வந்தால் வால் டியூப் கெட்டுவிட்டது என்று அர்த்தம். வால்வைக் கழற்றினால் சிறிய உலோகக் குச்சியின் மேல் மெல்லிய ரப்பர் உறை இருக்கும். அதுதான் வால் டியூப். அந்தக் குச்சியின் பக்கவாட்டில் ஒரு துளை உண்டு. நீங்கள் அடிக்கும் காற்று அந்தத் துளை வழியே ரப்பரை விலக்கிக்கொண்டு உள்ளே போகும். உள்ளே போன காற்று வெளியே வர முயன்றால், அதே ரப்பரைத் துளையின் மேல் அழுத்தித் தானே கதவைச் சாத்திக்கொள்ளும். எவ்வளவு எளிய கருவி! ரப்பர் விரிசல் விட்டால் புதிதாக மாட்டுங்கள். இரண்டு நிமிட வேலை. சில புது சைக்கிள்களில் மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற வால்வு இருக்கும். அதில் வால் டியூப் கிடையாது.

பஞ்சர் ஒட்டும் முறை

வால்வு சரியாக இருந்தால், ஓட்டை டியூபில்தான். சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி, நிழலில் சைக்கிளை நிறுத்துங்கள். சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம்.

1. வால்வைக் கழற்றி, மீதிக் காற்றை வெளியேற்றுங்கள். ரிம்மோடு வால்வைப் பிடித்திருக்கும் நட்டையும் கழற்றுங்கள்.

2. டயரின் ஒரு பக்க விளிம்பை மட்டும் லீவரால் மெதுவாக நெம்புங்கள். ஒரு சாண் தள்ளி இரண்டாவது லீவரையும் போட்டு நெம்பினால், மீதி விளிம்பு தானாக வெளியே வரும். டியூபை உருவி எடுங்கள். வால்வு இருக்கும் இடத்துக்கு நேராக டயரில் பேனாவால் ஓர் அடையாளம் போட மறக்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

3. டியூபில் கொஞ்சம் காற்றடித்து, பகுதி பகுதியாகத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். குமிழி வரும் இடமே ஓட்டை. தண்ணீர் இல்லையா? டியூபைக் கன்னத்தருகே கொண்டு போங்கள். மெல்லிய காற்று ஜில்லென்று படும். அந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடுங்கள்.

4. காற்றை இறக்கி, ஈரத்தைத் துடைத்து, உப்புத்தாளால் நன்றாகத் தேயுங்கள். ஒட்டுத் துண்டையும் தேயுங்கள். வழவழப்பும் அழுக்கும் போய்ச் சொரசொரப்பு வந்தால்தான் பசை பிடிக்கும்.

5. இரண்டிலும் சொல்யூஷனை மெல்லிசாகத் தடவுங்கள். உடனே ஒட்டாதீர்கள்! அவசரப்படுகிறவர்களின் ஒட்டு பெயர்வது இங்கேதான். சொல்யூஷன் என்பது திரவத்தில் கரைத்த ரப்பர். திரவம் ஆவியாகிப் போனால்தான் ரப்பரும் ரப்பரும் கைகோக்கும். ஐந்து நிமிடம் பொறுங்கள். தொட்டால் விரலில் ஈரம் வரக் கூடாது.

6. இப்போது ஒட்டை வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி பலமாக அழுத்துங்கள்.

ஓர் எச்சரிக்கை: சொல்யூஷனில் எளிதில் தீப்பிடிக்கும் பொருள் இருக்கிறது. அடுப்புக்கும் விளக்குக்கும் அருகில் திறக்காதீர்கள். அதை முகர்வது உடலுக்குக் கேடு. வெட்டவெளியில்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். சிறு வகுப்புப் பிள்ளைகள் பெரியவர் அருகில் இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

ஓட்டை சொல்லும் சேதி

ஒட்டியாயிற்று, வேலை முடிந்தது என்று நினைக்கிறீர்களா? பாதிதான் முடிந்திருக்கிறது. கணக்குத் தப்பானால், விடையை மட்டும் அழித்துவிட்டு எழுதினால் போதுமா? எந்த வரியில் தப்பு வந்தது என்று பார்க்க வேண்டாமா? பஞ்சரும் அப்படித்தான்.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆறு கிலோமீட்டர் தொலைவில் இருந்து சைக்கிளில் வருவாள். ஒரு முறை ஒரே வாரத்தில் மூன்று நாள் பஞ்சர். மூன்று நாளும் கடையில் ஒட்டினார்கள். மூன்று நாளும் பள்ளிக்குத் தாமதம். "இந்தச் சைக்கிளும் வேண்டாம், அவ்வளவு தூரம் போய்ப் படிக்கவும் வேண்டாம்" என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். சனிக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். "டியூபைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். மூன்று ஒட்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தன. "சார், அப்ப தப்பு டியூபில் இல்லையா?" என்று அந்தப் பிள்ளையே கேட்டாள். வால்விலிருந்து ஒட்டு எவ்வளவு தூரம் என்று சாண் போட்டு அளந்தாள். டயரிலும் அதே தூரத்தை அளந்து, துணியால் உள்பக்கத்தைத் தடவினாள். துணி ஓரிடத்தில் மாட்டிக்கொண்டது. அரிசி நொய் அளவுக்கு ஒரு கருவை முள்ளின் முனை! ஊக்கால் நெம்பி அவளே அதை எடுத்தாள். திங்கட்கிழமை முதல் மணி அடிப்பதற்கு முன்பே வகுப்பில் இருந்தாள்.

டயரில் ஏன் அடையாளம் போடச் சொன்னேன் என்று இப்போது புரிகிறதா? டியூபின் ஓட்டைக்கு நேராக டயரில் தேடினால் குற்றவாளி அகப்பட்டுவிடுவான். வெறும் விரலால் தடவாதீர்கள்; கண்ணாடித் துண்டு இருந்தால் கையைக் கிழித்துவிடும்.

ஓட்டை எங்கே இருக்கிறது என்பதே ஒரு சேதிதான்:

தரைப் பக்கம் ஒற்றை ஓட்டையா? முள், ஆணி, கண்ணாடி. டயரில் தேடுங்கள்.

ரிம் பக்கமா? ஏதோ ஒரு கம்பியின் முனை நீட்டிக்கொண்டிருக்கிறது. அல்லது ரிம்மைச் சுற்றியுள்ள நாடா விலகியிருக்கிறது. அதைக் கடையில் சரிசெய்யச் சொல்லுங்கள்.

அருகருகே இரண்டு ஓட்டைகளா? இதைப் 'பாம்புக் கடி' என்பார்கள். காற்றுக் குறைந்த டயர் பள்ளத்திலோ கல்லிலோ மோதும்போது, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி இப்படிக் கிழியும். இதற்கு மருந்து, போதுமான காற்று.

மீண்டும் மாட்டும்போது

டியூபில் கொஞ்சம் காற்றடித்து உருண்டையாக்கி, வால்வைத் துளையில் பொருத்தி, உள்ளே வையுங்கள். டயர் விளிம்பைக் கட்டை விரல்களாலேயே உள்ளே தள்ளுங்கள். கடைசிப் பகுதி இறுக்கமாக இருக்கும். அவசரப்பட்டு லீவரைப் போட்டால் டியூப் மாட்டிக் கிழியும். சுற்றிலும் எங்கேயாவது டியூப் எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். பாதிக் காற்றடித்து ஒரு முறை பார்த்துவிட்டுப் பிறகு முழுக் காற்றடியுங்கள். எவ்வளவு காற்று வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். பம்பின் அடிப்பகுதி சூடாவதைத் தொட்டுப் பாருங்கள். காற்றை அழுத்தினால் வெப்பம் உண்டாகும் என்று அறிவியல் பாடத்தில் சொல்வது இதுதான்.

பஞ்சர் வராமல் தடுக்க வாரம் ஒரு முறை காற்றடியுங்கள். ஓட்டையே இல்லாவிட்டாலும் ரப்பர் வழியாகக் காற்று மெல்லக் கசியும். கட்டை தேய்ந்து வழவழப்பான டயரை மாற்றுங்கள். காற்று இறங்கிய சைக்கிளில் ஏறி ஓட்டாதீர்கள். டியூப் கிழிந்து, ரிம்மும் கெடும்.

இந்த வாரம் செய்து பாருங்கள்

சைக்கிள் கடைக்காரரிடம் தூக்கிப் போடும் பழைய டியூப் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஊக்கால் ஓர் ஓட்டை போட்டு, நீங்களே ஒட்டுங்கள். கடைக்காரர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், சந்தேகம் கேளுங்கள். அவரைவிட நல்ல ஆசிரியர் இதற்குக் கிடைக்க மாட்டார்.

பெண் குழந்தைகளே, "இதெல்லாம் பையன்கள் வேலை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். எழுத்தும் சைக்கிளும் ஒன்றாகவே அவர்கள் கைக்கு வந்தன. ஓட்டத் தெரிந்த கைக்கு ஒட்டவும் தெரிந்தால், எந்த முள்ளும் உங்கள் படிப்பை வழியில் நிறுத்த முடியாது.

அடுத்த முறை "புஸ்" என்று சத்தம் கேட்டால் முகம் வாடாதீர்கள். பென்சில் பெட்டியைத் திறங்கள். ஓட்டையை ஒட்டுங்கள், முள்ளையும் தேடி எடுங்கள்!