தூரமும் தோழமையும்

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடிக்குப் போகும் சாலையில் வரிச்சிக்குடி என்று ஓர் ஊர் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில், டீக்கடை பாய்லர் கொதிக்கத் தொடங்கும் வேளையில், அச்சாலை ஓரத்தில் ஐந்து சைக்கிள்கள் வந்து நிற்கும். அவற்றின் சொந்தக்காரர்களுக்குச் சங்கம் என்று பெயர்ப் பலகை கிடையாது. தலைவர், காரியதரிசி, சந்தா எதுவும் கிடையாது. ஒரு மளிகைக் கடைக்காரர், ஒரு நர்ஸ் அம்மாள், கல்லூரியில் வாசிக்கும் ஒரு பையன், ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியாராகிய நான்: இவ்வளவு பேர்தான்.

ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு உண்டு. கடைக்காரருக்கு மாதம் ஒரு முறையாவது திருநள்ளாறு போய் வரவேண்டும். நர்ஸ் அம்மாள் தரங்கம்பாடியில் ஆரம்பித்து, வாரத்துக்குக் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டிக்கொண்டே வந்தார். தபால்காரரோ நாற்பது வருஷம் சைக்கிள் மிதித்தவர். ஆனால் அத்தனையும் நாலைந்து தெருக்களுக்குள்ளேயே முடிந்து போயிற்று. "ஊர் முழுவதற்கும் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தேன், நான் எங்கும் போனதில்லை" என்பார். சிதம்பரம் வரையில் சைக்கிளிலேயே போய் நடராஜரைத் தரிசித்து, அன்றே திரும்ப வேண்டும் என்பது அவருடைய ஆசை. போக வர ஏறக்குறைய நூறு கிலோ மீட்டர்.

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் புறப்பட்டோம். திருக்கடையூர், ஆக்கூர், சீர்காழி தாண்டிக் கொள்ளிடம் பாலம் ஏறும்போது வெயில்கூட உறைக்கவில்லை. தென்மேற்குக் காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வந்தது. நாங்களோ அதை எங்கள் கால்களின் பலம் என்று எண்ணிக்கொண்டோம்!

திரும்பும்போதுதான் உண்மை விளங்கிற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், சைக்கிள் எம்மாத்திரம்? சமதரையில் வேகமாகப் போகும் சைக்கிள்காரனுக்குப் பெரிய சத்துரு மேடு பள்ளம் அல்ல, காற்றுத்தான். ஆகையால் ஒருவர் பின் ஒருவராகப் போவதும், முன்னால் இருப்பவர் களைத்ததும் விலகிப் பின்னால் வருவதும் வழக்கம். பின்னால் வருகிறவருக்கு உழைப்பில் கணிசமான பங்கு மிச்சமாகும். தோழமை என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் நான் கண்டதில்லை.

ஆனால் அன்று அந்த உதாரணத்தை மீறியவனும் நானே. ஆறு மணி நேரத்தில் நூறு கிலோ மீட்டரை முடித்துவிட வேண்டும் என்று மாணவன் உறுதி செய்திருந்தான். எனக்கும் உள்ளூர அந்த ஆசை உண்டு. நாற்பது வயதுக்கு மேல் அந்த மாதிரி ஆசைகளை யாரும் வெளியே சொல்வதில்லை. ஆக்கூருக்கு அருகில் தபால்காரரின் வேகம் தளர்ந்தது. "நீங்கள் போங்கள், தம்பி. நான் மெதுவாக வருகிறேன்" என்றார். மற்ற இருவரும் அவரோடு நின்றார்கள். நானும் பையனும் போய்விட்டோம்.

திருக்கடையூர் வந்ததும் திரும்பிப் பார்த்தேன். சாலை வெறிச்சென்றிருந்தது. இறங்கி நின்றேன், பையன் ஒரு நிமிஷம் தயங்கிவிட்டுப் போனான். நான் வண்டியைத் திருப்பினேன். ஆக்கூர் எல்லையில் ஒரு புளிய மரத்தடியில் பெரியவர் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நர்ஸ் அம்மாள் உப்புப் போட்ட தண்ணீரைக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பெரியவர், "ஏன் வந்தீர்கள்? உங்கள் கணக்குக் கெட்டுப் போச்சே, சார்" என்றார். காலையிலிருந்து 'தம்பி' என்று அழைத்தவர் இப்போது 'சார்' என்றார்! அந்த ஒரு சொல், ஆடிக் காற்றைவிட அதிகமாக என்னை உலுக்கிவிட்டது.

*

தூரத்தைப் பார்ப்பதா, துணையைப் பார்ப்பதா என்ற இந்தத் தர்க்கம் வரிச்சிக்குடியில் பிறந்தது அல்ல. 1897-ல் இத்தாலியில் சில சைக்கிள்காரர்கள் ரோமாபுரியிலிருந்து நேபிள்ஸுக்குப் பகல் வெளிச்சத்துக்குள்ளாகவே போய்ச் சேர்ந்தார்கள். இத்தகையோருக்கு 'ஆடாக்ஸ்' என்று பெயர் ஏற்பட்டது. லத்தீன் பாஷையில் துணிவுள்ளவர் என்று பொருள். 1904-ல் ஹென்றி தெகிராஞ்ஜ் என்ற பத்திரிகாசிரியர் அதைப் பிரான்ஸுக்குக் கொண்டுவந்தார். அவ்வருஷமே பாரிஸில் ஆடாக்ஸ் சங்கம் தோன்றிற்று. குறித்த தூரத்தை முடித்தவர்களுக்கு 'பிரெவே' என்ற சான்றிதழ் உண்டு. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் வாசித்த காரைக்கால் பெரியவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. அவர்கள் எழுதிய பரீட்சைக்கும் அதே பெயர்தான்.

அந்நாளில் எல்லோரும் ஒரு தலைவனின் கீழ், ஒரே வேகத்தில், கூட்டமாகவே போகவேண்டும் என்பது விதி. 1921-ல் சங்கத்தாருக்கும் தெகிராஞ்ஜுக்கும் பிணக்கு உண்டாயிற்று. அதன் பயனாகப் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒரு சாரார் பழையபடி கூடியே போனார்கள். பாரிஸ் சங்கத்தாரோ, அவரவர் வேகத்தில் அவரவர் போகலாம். விதித்த காலத்துக்குள் சேர்ந்தால் போதும் என்று வகுத்துக்கொண்டார்கள். இன்று நம் நாட்டு நகரங்களில் நடக்கும் பிரெவேக்கள் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. 200 கிலோ மீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. இதில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்பதே கிடையாது. முடித்தவர்களின் பெயர்கள் அகர வரிசையில்தான் வெளியாகும். முதலில் வந்தவனும் கடைசி நிமிஷத்தில் வந்தவனும் அங்கே சமம். மணிக்குப் பதினைந்து கிலோ மீட்டர் போகத் தெரிந்த சாதாரண மனிதன்கூட, படிப்படியாகப் பழகினால், முதல் தூரத்தை எட்டலாம்.

நம்மவர் கதையும் ஒன்று உண்டு. 1923 அக்டோபர் 15-ந் தேதி பம்பாயிலிருந்து ஆறு வாலிபர்கள் சைக்கிளில் உலகைச் சுற்றப் புறப்பட்டார்கள். தேசம் அந்நியர் வசம் இருந்த காலம் அது. பாரசீகம், ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், சீனம் என்று ஏறக்குறைய 71,000 கிலோ மீட்டர் சுற்றி, 1928 மார்ச்சு 18-ந் தேதி ஊர் திரும்பினார்கள். திரும்பியவர்கள் அதி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பும்காரா என்ற மூவர் மட்டுமே. மற்ற மூவரும் இடையில் பிரிந்தனர். ஒருவர் டெஹ்ரானிலேயே ஊருக்குத் திரும்பிவிட்டார், இன்னொருவர் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். பயணம் நிற்கவில்லை. ஆயினும் இன்று அந்தச் சரித்திரத்தைச் சொல்லும் எவரும் 'ஆறு பேர் புறப்பட்டார்கள்' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பாதியில் நின்றவர்களும் கணக்கில் சேர்ந்தவர்களே.

*

அன்று பெரியவரை நடுவில் விட்டுக்கொண்டு, முன்னால் மாறி மாறிக் காற்றை வாங்கிக்கொண்டு, ஒரு வழியாக ஊர் வந்து சேர்ந்தோம். டீக்கடை வாசலில் மாணவன் காத்திருந்தான். ஆறு மணி நேரத்துக்குச் சில நிமிஷம் முன்னதாகவே முடித்துவிட்டான். அவன் முகத்தில் மட்டும் அந்தச் சந்தோஷம் இல்லை. அவன் மீது குற்றம் சொல்வதற்கில்லை. இளமைக்கு அதற்கென்று ஒரு வேகம் உண்டு. அதை அடக்குவது தோழமை ஆகாது. எங்கள் பிழை வேறு. எந்த விதமான பிரயாணம் என்பதை விடியற்காலையிலேயே பேசிக்கொள்ளாமல் புறப்பட்டதுதான் பிழை.

அது முதல் ஒரு விதி செய்துகொண்டோம். 'கூட்டு ஞாயிறு' என்றால், மிகவும் மெதுவாகப் போகிறவர் வேகமே எல்லோருடைய வேகம். யாரும் யாரையும் விட்டுப் போவதில்லை. 'தனி ஞாயிறு' என்றால், அவரவர் வேகத்தில் போகலாம். குறித்த ஊர்களில் மட்டும் காத்திருந்து எல்லோரும் வந்தாயிற்றா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பாரிஸ்காரர்கள் பிணங்கிப் பிரிந்து கண்டுபிடித்த இரண்டு வழிகளையும் நாங்கள் பிரியாமலே வைத்துக்கொண்டோம்.

குடும்பத்திலும் பள்ளிக்கூடத்திலும், ஏன், தேச காரியத்திலுங்கூட இதே தர்க்கம் தலை காட்டுவதை அன்பர்கள் கவனித்திருக்கலாம். முந்துகிறவனைத் திட்டியும் பிந்துகிறவனைப் பழித்தும் பிரயோஜனம் இல்லை. புறப்படுமுன் பேசிக்கொள்வதே நல்லது.

பெரியவர் இப்போது நாகூருக்குப் போகலாம் என்கிறார். எனக்கு அவர் இன்னும் 'தம்பி' என்று சொல்லத் தொடங்கவில்லை. அதுதான் இவ்வருஷத்துக்கு நான் வைத்துக்கொண்டிருக்கும் இலக்கு.