கன்டெய்னரை வீட்டுப் பட்டறையாக மாற்றலாமா? சேலம் வெயிலுக்குத் தாங்குமா? - முழு விளக்கம்

ஆட்டையாம்பட்டியில் வீடு எங்கே முடிகிறது, தொழில் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கஷ்டம். முன்னறையில் குடும்பம், பின்னால் தறிச் சத்தம். ஒரு வீட்டில் கை முறுக்கு சுற்றினால், அடுத்த வீட்டுத் திண்ணையில் நூல் சுற்றுவார்கள். சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகும் வழியில் இருக்கும் இந்த ஊருக்கு ‘ஒர்க் ஃப்ரம் ஹோம்’ ஒன்றும் புதுசு இல்லை.

இப்போது அதே ஊரில் ஒருவருக்கு மர வேலைக்கோ, வெல்டிங்குக்கோ, பைக் ரிப்பேருக்கோ ஒரு பட்டறை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம் இருக்கிறது. சுவர் எழுப்ப மாதக் கணக்கில் ஆகும். இன்ஸ்டாவைத் திறந்தால், கப்பலில் வந்த கன்டெய்னரை நச்சென்று பட்டறையாக்கிய ரீல்ஸ் வரிசை கட்டுகின்றன. ‘ஒரு பெட்டியை இறக்கினோமா, கதவைத் திறந்தோமா, வேலையை ஆரம்பித்தோமா’ என்று தோன்றும்.

உண்மையில் அவ்வளவு ஈஸியா? சேமிப்புப் பணத்தைப் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

1956 ஏப்ரல் 26 அன்று, அமெரிக்காவின் நெவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்கு ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் 58 பெட்டிகளுடன் கிளம்பியது. அதை அனுப்பியவர் மால்கம் மெக்லீன், லாரித் தொழிலில் வளர்ந்தவர். மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்குவதற்குப் பதிலாகப் பெட்டியையே தூக்கி வைத்தால் என்ன என்பதுதான் அவரது கேள்வி. உலக வணிகத்தையே மாற்றிய கேள்வி அது.

பெட்டிகள் பெருகியதும் அடுத்த யோசனை வந்தது. கன்டெய்னர்களை மனிதர் வசிக்கும் கட்டடமாக மாற்றும் முறைக்கு, ஃபிலிப் கிளார்க் என்பவர் 1989-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். 2000-களின் நடுவில், ஆம்ஸ்டர்டாமில் ‘கீட்வோனன்’ என்ற மாணவர் குடியிருப்பு சுமார் 1,000 பெட்டி வீடுகளுடன் எழுந்தது. 2022 கத்தார் உலகக் கோப்பைக்காக 974 கன்டெய்னர்களைப் பயன்படுத்தி ஒரு ஸ்டேடியமே கட்டினார்கள். அதன் பெயரும் ‘974’தான்.

நம் பக்கம் இதற்கு இன்னொரு பலம் உண்டு. லாரிக்குக் கூண்டு கட்டும் நாமக்கல்லும், போர்வெல் ரிக் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோடும் கூப்பிடு தூரம். இரும்பை வெட்டி, ஃபிரேம் கட்டி, வெல்டிங் அடிக்கத் தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமே இல்லை.

உள்ளே எவ்வளவு இடம் கிடைக்கும்?

20 அடி கன்டெய்னரின் வெளி அளவு சுமார் 6.06 மீட்டர் நீளம், 2.44 மீட்டர் அகலம், 2.59 மீட்டர் உயரம். உள்ளே கிடைப்பது சுமார் 5.9 மீட்டர் நீளம், 2.35 மீட்டர் அகலம். அதாவது, கிட்டத்தட்ட 150 சதுர அடி. 40 அடிப் பெட்டி என்றால் சுமார் 300 சதுர அடி. காலியாக இருக்கும்போதே 20 அடிப் பெட்டி 2.2 டன் அளவுக்கு எடை இருக்கும்.

ரீல்ஸில் தெரியாத பிரச்சினை, அகலம். கடையில் வாங்கும் பிளைவுட் ஷீட் 8 அடிக்கு 4 அடி. 8 அடி என்பது 2.44 மீட்டர். பெட்டியின் உள் அகலமோ 2.35 மீட்டர்தான். ஆக, ஒரு முழு ஷீட்டைக் குறுக்கே படுக்க வைக்கவே முடியாது. நீளவாக்கில் வைத்துத்தான் அறுக்க வேண்டும். வெப்பத் தடுப்புக்காக இரு பக்கமும் அட்டை அடித்தால் இன்னும் 10, 12 சென்டிமீட்டர் போய்விடும். ஒரு பக்கம் இரண்டடி மேஜை போட்டால், நிற்கவும் நடக்கவும் மிஞ்சுவது ஐந்தடிக்குச் சற்று அதிகம்.

டைலரிங், எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர், சிறு மர வேலை, வெள்ளிக் கொலுசு வேலை போன்றவற்றுக்கு இது போதும். தறி போடவோ, காரை உள்ளே ஏற்றி ரிப்பேர் பார்க்கவோ இது சரிப்படாது.

சரி, வெயிலுக்கு என்ன செய்வது?

கன்டெய்னர் பட்டறையின் தலையெழுத்தே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

பெட்டியின் சுவர் 2 மில்லிமீட்டருக்கும் குறைவான தகடு. செங்கல்லைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் இரும்பு. சேலம் வட்டாரத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சகஜம். எந்த ஏற்பாடும் இல்லாமல் வெட்டவெளியில் நிற்கும் பெட்டியின் கூரையில் மத்தியானம் கை வைக்க முடியாது. உள்ளே வேலை பார்ப்பது உடம்புக்கே ஆபத்து.

இன்னொரு விஷயம், சேலம் சுமார் 11.6 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் மூன்றாவது வாரத்தில், நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடும். சுவரைவிடக் கூரைதான் அதிகம் அடி வாங்கும். எனவே, முதல் செலவு கூரைக்குத்தான்.

செய்ய வேண்டியவை, முக்கியத்துவ வரிசையில்:

• இரண்டாவது கூரை: பெட்டிக்கு மேல் ஓரிரு அடி இடைவெளி விட்டு, தனித் தூண்களில் ஷீட் கூரை போடலாம். நடுவில் காற்று ஓட வேண்டும், பக்கங்களை அடைக்கக் கூடாது. மழைக்கும் இதுவே குடை.

• வெள்ளை பெயின்ட்: வெயிலைத் திருப்பி அனுப்பும் வெளிர் நிறப் பூச்சு. கறுப்பு, கருநீலம் எல்லாம் ரீல்ஸுக்கு மட்டும்தான் அழகு.

• திசை: நீளப் பக்கங்கள் வடக்கு, தெற்காகப் பார்க்கும்படி வைத்தால், காலை, மாலை வெயில் விழும் பரப்பு குறையும்.

• எதிரெதிர் ஜன்னல்கள்: ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று ஓடாது.

• உள் தடுப்பு: ராக்வூல் அல்லது ஃபோம் பலகை வைத்து, மேலே சிமென்ட் போர்டு அடிப்பது. ஆனால், ஃபோம் எரிந்தால் விஷப் புகை வரும். வெல்டிங் பட்டறை என்றால் ராக்வூல்தான் பாதுகாப்பு. எதை வைத்தாலும், பெட்டியில் செய்ய வேண்டிய வெட்டும் வெல்டிங்கும் எல்லாம் முடிந்த பிறகே வைக்க வேண்டும்.

பக்கத்தில் வேப்பமரம் இருந்தால் அதை வெட்டிவிட்டுப் பெட்டியை இறக்காதீர்கள். அந்த நிழலுக்கு ஈடான ஏசி இல்லை.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பேப்பர். வெளிநாட்டிலிருந்து சரக்கோடு வரும் கன்டெய்னர், ஆறு மாதங்களுக்குள் திரும்ப ஏற்றுமதியாகும் என்ற நிபந்தனையின் பேரில்தான் சுங்க வரி விலக்கோடு உள்ளே வருகிறது. அதை இங்கேயே விற்பதென்றால் வரி கட்டியிருக்க வேண்டும். எனவே, ஜிஎஸ்டி பில்லையும் வரி கட்டிய ஆவணத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். பில்லில் இருக்கும் எண்ணும் பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சோதனை இலக்கம் என்பதுதான் உலகம் முழுக்க உள்ள முறை.

அடுத்து ஒரு எளிய டெஸ்ட். பகலில் உள்ளே போய்க் கதவை மூடச் சொல்லுங்கள், வெளியே ஒருவரை நிற்க வைத்துவிட்டு. எங்காவது வெளிச்சம் புள்ளியாகத் தெரிந்தால் அங்கே ஓட்டை இருக்கிறது.

மூன்றாவது, தரை. அது சுமார் 28 மில்லிமீட்டர் தடிமனான பிளைவுட். கப்பலில் பூச்சி பரவாமலிருக்க, அந்த மரத்தில் பூச்சிக்கொல்லி ஏற்றியிருக்கும் வாய்ப்பு அதிகம். கதவில் இருக்கும் உலோகப் பட்டயத்தில் அந்த விவரம் இருக்கும். அந்தத் தரையை அறுத்துத் தூசி கிளப்பக் கூடாது. எபாக்சி பூசி மூடலாம், மேலே சிமென்ட் போர்டு போடலாம். முறுக்கு, மாவு என்று உணவு தொடர்பான வேலை என்றால், தரையையே கழற்றி மாற்றிவிடுவது நல்லது.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால், கிரைண்டர் பிடிப்பவர் தரமான மாஸ்க் போடுவது கட்டாயம்.

கிரேன், அஸ்திவாரம்

சென்னை, தூத்துக்குடி, கொச்சி என எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தாலும் ஆட்டையாம்பட்டிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். லாரி வாடகை, இறக்கும் கிரேன் வாடகை இரண்டையும் பெட்டி விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். தெருமுனையில் லாரி திரும்புமா, குறுக்கே மின்கம்பி போகிறதா என்று முதல் நாளே பார்த்துவிட வேண்டும். பெட்டி ஊருக்குள் வந்த பிறகு ‘வண்டி திரும்பாதுங்க’ என்று டிரைவர் சொன்னால், வெயிட்டிங் சார்ஜ் உங்கள் தலையில்.

பெட்டியின் பலமெல்லாம் நான்கு மூலைத் தூண்களில் இருக்கிறது. எனவே, நான்கு மூலைக்கும் கான்கிரீட் பீடம் போட்டு, தரையிலிருந்து ஓரடியாவது உயர்த்தி வைக்க வேண்டும். நேராக மண்ணில் வைத்தால், அடிப்பாகம் துருப்பிடிக்கும், கரையான் தரைக்கு ஏறும். மட்டம் தவறினால் கதவு சிக்கிக்கொள்ளும்.

சுவரில் இருக்கும் மடிப்பு அழகுக்காக அல்ல, அதுவும் சுமை தாங்குகிறது. பெரிய ஷட்டருக்காக ஒரு பக்கத்தை அப்படியே வெட்டினால் கூரை தொய்யும். வெட்டும் இடத்தைச் சுற்றி சதுரக் குழாயில் ஃபிரேம் அடித்த பிறகுதான் தகட்டை எடுக்க வேண்டும்.

உயிர் காக்கும் மூன்று விஷயங்கள்

ஒன்று, எர்த். வீட்டுச் சுவரில் ஒயர் பிய்ந்தால் அந்த இடத்தில் மட்டும்தான் ஆபத்து. இங்கே பெட்டி முழுக்க இரும்பு. ஓர் ஒயர் உரசினால், தொடும் இடமெல்லாம் ஷாக் அடிக்கும். பெட்டிக்கென்று தனி எர்த் குழி, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இரண்டும் இல்லாமல் ஒரு பல்பைக்கூடப் போடக் கூடாது.

இரண்டு, கதவு. கன்டெய்னர் கதவு வெளியிலிருந்து பூட்டுவதற்காகவே செய்யப்பட்டது. உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் யாராவது தாழ் போட்டால் திறக்க வழியில்லை. உள்ளிருந்து திறக்கும் சிறு கதவு ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதில் சமரசமே கூடாது.

மூன்று, புகை. வெல்டிங் புகையும் பெயின்ட் வாடையும் இந்தச் சின்னப் பெட்டிக்குள் சீக்கிரம் நிறைந்துவிடும். எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும். முடிந்தால் வெல்டிங்கை வெளியே, கூரை நிழலில் வைத்துக்கொள்வது உத்தமம்.

அனுமதி, கரன்ட் பில்

‘இது கட்டடம் இல்லையே, பெட்டிதானே’ என்ற வாதத்தை நம்பி இறங்க வேண்டாம். நிரந்தரமாக வைத்துப் பயன்படுத்தும் எதற்கும், தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 குறித்த கேள்வி வரலாம். பேரூராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்துபூர்வமாகக் கேட்டுவிடுவதே நல்லது.

அடுத்தது மின்சாரம். வீட்டு இணைப்பிலிருந்து ஒயர் இழுத்துத் தொழில் செய்தால், அது மின்சாரச் சட்டம் 2003-ன் 126-வது பிரிவின்படி அங்கீகாரமற்ற பயன்பாடு. பிடிபட்டால், உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டியிருக்கும். குடிசைத் தொழில், குறுந்தொழில்களுக்கு மின்வாரியத்தில் தனிக் கட்டணப் பிரிவே இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கலாம்.

பக்கத்து வீட்டையும் மறந்துவிடக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பது ஒலி மாசு விதிகளின் வரம்பு. தறிச் சத்தத்துக்குப் பழகிய ஊர்தான். ஆனாலும், இரும்புப் பெட்டிக்குள் ஓடும் கிரைண்டர் சத்தம் வேற மாதிரி.

அப்போ வாங்கலாமா, வேண்டாமா?

இடம் வாடகைக்கோ குத்தகைக்கோ இருந்தால் கன்டெய்னர் நல்ல தேர்வு. நாளை இடம் மாறினால் பட்டறையையும் தூக்கிக்கொண்டு போகலாம். விலை உயர்ந்த கருவிகளைத் திருட்டிலிருந்து காக்க வேண்டும், சில வாரங்களில் வேலையைத் தொடங்க வேண்டும் என்றாலும் சரியே. வேலை முடிந்ததும் விற்றால், குறைந்தபட்சம் இரும்பு விலையாவது தேறும்.

சொந்த இடம், அவசரம் இல்லை, அகலமான பட்டறை வேண்டும் என்றால் கதை வேறு. ஹாலோ பிளாக் சுவர், உயரமான ஷீட் கூரை, நல்ல காற்றோட்டம். இந்த ஊர் தறிக்கூடங்கள் பல காலமாகச் செய்துவருவதும் கிட்டத்தட்ட இதைத்தான். பெட்டி விலை, லாரி, கிரேன், பீடம், இரண்டாவது கூரை, வெப்பத் தடுப்பு, வயரிங் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே, அதே அளவு ஷெட்டுக்கு உள்ளூர் மேஸ்திரி சொல்லும் தொகையையும் எழுதுங்கள். இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. மே மாதத்து மத்தியானம் ஒன்றில், விற்பவரின் யார்டுக்கே போய், வெயிலில் நிற்கும் பெட்டிக்குள் பத்து நிமிடம் கதவைத் திறந்து வைத்தபடி நின்று பாருங்கள். இரண்டாவது கூரைக்கு ஏன் செலவு செய்ய வேண்டும் என்று அதன் பிறகு யாரும் விளக்க வேண்டியிருக்காது.