தூரமா, துல்லியமா?

ஏறத்தாழ ஒரே விலை வட்டத்தில் இரண்டு கேமராக்கள். ஒன்று ஏரியின் மறுகரையில் இருக்கும் பறவையின் கண்ணை எட்டிப் பிடிக்கும். மற்றது அரையிருட்டிலும் முகத்தைத் தெளிவாகக் காட்டும். முதல் 'பெரிய' கேமரா வாங்கப்போகிறவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பது?

ராஜஸ்தானில் பரத்பூர் அருகே கேவலாதேவ் தேசியப் பூங்காவில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. மன்னர் காலத்து வாத்து வேட்டைகளின் கணக்குப் புத்தகம் அது. அதில் மிகப் பெரிய எண் 4,273. 1938 நவம்பர் 12 அன்று, வைஸ்ராய் லின்லித்கோ பிரபு விருந்தினராக வந்தபோது, ஒரே நாளில் சுட்டு வீழ்த்தப்பட்ட பறவைகள் அவ்வளவு. ஆக்ராவிலிருந்து சுமார் 55 கி.மீ. தொலைவிலுள்ள இந்த நீர்நிலை 1985-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. துப்பாக்கிகள் போய்விட்டன. அவற்றின் இடத்தை லென்ஸ்கள் பிடித்துக்கொண்டுவிட்டன.

குளிர்காலக் காலையில் மூடுபனி விலகும் நேரத்தில் ரிக்ஷாக்களில் உள்ளே போகிறவர்களின் கழுத்தில் தொங்குவதைப் பார்த்தால் போதும்: கேமரா உலகின் சாதிப் பிரிவினை புரிந்துவிடும். முக்காலியில் பீரங்கி போன்ற லென்ஸைப் பொருத்தியிருக்கும் தொழில்முறைக்காரர்கள் ஒரு பக்கம். செல்போனை நீட்டி, திரையில் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும் நாரையைப் படமெடுத்துவிட்டு ஏமாற்றத்தோடு திரும்பும் சுற்றுலாப் பயணிகள் மறுபக்கம். இவர்களுக்கு நடுவில்தான் பெரும் கூட்டம் நிற்கிறது. மாதச் சம்பளக்காரர்கள், ஓய்வுபெற்றவர்கள், கல்லூரி மாணவர்கள். சேமிப்பில் ஒரே ஒரு கேமரா வாங்க முடியும். தவறாக வாங்கிவிட்டால் இன்னொன்று வாங்கப் பல ஆண்டுகள் ஆகும். இவர்கள் முன்னால் உள்ள கேள்வி: சூப்பர்ஜூம் பிரிட்ஜ் கேமராவா, ஆரம்பநிலை டி.எஸ்.எல்.ஆரா?

எண்களின் ஜாலம்

பாக்கெட் கேமராவுக்கும் எஸ்.எல்.ஆருக்கும் இடையே பாலமாக இருப்பதால் பிரிட்ஜ் கேமரா என்று பெயர். பார்ப்பதற்கு எஸ்.எல்.ஆரைப் போலவே இருக்கும். ஆனால் லென்ஸைக் கழற்ற முடியாது. கழற்ற வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் விற்பவர்களின் வாதம். 2015-இல் வந்த நிக்கான் பி900, இந்த வகைக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது. பழைய 35 மி.மீ. பிலிம் கணக்கில் சொன்னால் அதன் லென்ஸ் 24 மி.மீட்டரிலிருந்து 2,000 மி.மீ. வரை நீளும்: 83 மடங்கு ஜூம். 2018-இல் வந்த பி1000 இன்னும் ஒரு படி மேலே போய் 3,000 மி.மீட்டரைத் தொட்டது: 125 மடங்கு. அதே வீச்சுடன் பி1100 2025-இல் வந்தது. கேனனின் எஸ்எக்ஸ்70 அளவில் சிறியது. 65 மடங்கு ஜூம், எடை 600 கிராமை ஒட்டியது.

எதிர்முனையில் டி.எஸ்.எல்.ஆர். உதாரணம், 2018-இல் வந்த கேனன் 1500டி. அதோடு வழக்கமாகத் தரப்படும் 18-55 மி.மீ. லென்ஸின் ஜூம் மூன்று மடங்குதான். கூடுதலாகப் பணம் கொடுத்து 55-250 மி.மீ. லென்ஸை வாங்கினால் பிலிம் கணக்கில் 400 மி.மீ. கிடைக்கும். அதற்குமேல் போக வேண்டுமானால் லட்சங்களில் பேச வேண்டும். தொழில்முறைக்காரர்களின் 600 மி.மீ. லென்ஸ் ஒன்றின் விலையில் ஒரு கார் வாங்கிவிடலாம்.

அப்படியானால் கேள்விக்கே இடமில்லை, பிரிட்ஜ் கேமராதானே? இல்லை. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிடப்படாத ஓர் எண் இருக்கிறது.

டம்ளரும் அண்டாவும்

அந்த எண் சென்சாரின் அளவு. பி900, பி1000, எஸ்எக்ஸ்70 ஆகியவற்றின் சென்சார் சுமார் 6.2 மி.மீ. அகலமும் 4.6 மி.மீ. உயரமும் கொண்டது, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. 1500டி-யின் சென்சார் 22.3 மி.மீ. அகலம், 14.9 மி.மீ. உயரம். பரப்பளவில் சுமார் 12 மடங்கு பெரியது. மழையில் முற்றத்தில் வைத்த டம்ளருக்கும் அண்டாவுக்கும் உள்ள வித்தியாசம் இது. நல்ல மழை பெய்தால் டம்ளரும் நிரம்பும். தூறலில்தான் அதன் குட்டு வெளிப்படும்.

வெளிச்சம் குறையும்போது பிரிட்ஜ் கேமராவின் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும். கேமரா அவற்றை அழிக்க முற்படும். இறகின் வரிகளும் சேர்ந்து அழியும். லென்ஸ் நீள நீள அதன் துவாரமும் ஒப்பீட்டளவில் சுருங்குகிறது. பி1000-இல் 24 மி.மீட்டரில் எஃப்/2.8, 3,000 மி.மீட்டரில் எஃப்/8. சிறு சென்சாரில் அந்த அளவு துவாரம் என்பது ஒளியலைகளே படத்தின் கூர்மையை மழுக்கத் தொடங்கும் நிலை.

சென்சார் சிறியதாக இருப்பது தற்செயல் அல்ல. அதனால்தான் இவ்வளவு நீளமான ஜூமைக் கையில் தூக்கும் அளவுக்குச் சுருக்க முடிகிறது. பி1000-இல் 3,000 மி.மீ. என்று சொல்லப்படும் லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 539 மி.மீ.தான். அப்படியும் கேமராவின் எடை 1,415 கிராம்.

ஆனால் இங்கே எஸ்.எல்.ஆர். ரசிகர்கள் சொல்லாமல் விடும் ஒரு கணக்கும் உண்டு. ஏரியின் மறுகரையில் நிற்கும் வரித்தலை வாத்து 400 மி.மீ. லென்ஸில் சிறியதாகத்தான் விழும். அதைக் கணினியில் வெட்டிப் பெரிதாக்கி, பி900-இன் 2,000 மி.மீ. படத்துக்கு இணையாகக் கொண்டுவந்தால், 1500டி-யின் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகளில் மிஞ்சுவது சுமார் 10 லட்சம். பி900 தருவதோ 1 கோடியே 60 லட்சம். ஒளி சேகரிப்பிலும் அது சளைத்ததல்ல: முழு ஜூமில் அதன் துவாரத்தின் விட்டம் சுமார் 55 மி.மீ.; 250 மி.மீ. லென்ஸில் சுமார் 45 மி.மீ. ஆக, நல்ல வெளிச்சத்தில், வெகு தூரத்தில், அசையாமல் நிற்கும் பறவைக்குப் பிரிட்ஜ் கேமராதான் வெற்றி பெறுகிறது. இந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை நிபந்தனைகள் இருக்கின்றன என்பதுதான் கவனிக்க வேண்டியது.

பறந்தால் போச்சு

முதல் நிபந்தனை, அசையாமல் நிற்பது. பறவைகள் அந்த நிபந்தனைக்குக் கட்டுப்படுவதில்லை. 2,000 மி.மீட்டரில் பிரேமுக்குள் தெரிவது வானத்தின் ஒரு சிறு சன்னல். அதற்குள் பறக்கும் பறவையைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. கண்டுபிடித்தாலும் ஃபோகஸ் வருவதற்குள் அது போய்விடும். பி900 ஒரு வினாடியில் 7 படம் எடுக்கும். அந்த 7 படம் முடிந்ததும் அவற்றைச் சேமித்து முடிக்கும்வரை காக்க வைக்கும்.

1500டி வினாடிக்கு 3 படம்தான் எடுக்கும். ஆனால் கண்ணாடி வழியாக நிஜக் காட்சியையே காட்டும் அதன் வியூஃபைண்டரில் தாமதம் என்பதே இல்லை. அதன் ஃபோகஸ் முறையும் வேறு. எந்தப் பக்கம், எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதை ஒரே பார்வையில் கணித்துவிடுகிறது. பிரிட்ஜ் கேமராக்களில் பெரும்பாலானவை முன்னும் பின்னும் தேடித்தான் புள்ளியைப் பிடிக்கின்றன. ஓடும் குழந்தைக்கும், பள்ளி விளையாட்டு விழாவுக்கும், நீர்மேல் சிறகடித்து நிற்கும் மீன்கொத்திக்கும் இந்த வேறுபாடு பொருந்தும்.

இரண்டாவது நிபந்தனை, வெளிச்சம். ரன்தம்போரில் புலி பார்க்கும் ஜிப்ஸிகள் புறப்படுவது அதிகாலையிலும் பிற்பகலிலும். புலி புதரை விட்டு வெளியே வருவது பெரும்பாலும் சூரியன் சாயும் நேரத்தில். சில சமயம் ஜிப்ஸியிலிருந்து சில மீட்டர் தூரத்திலேயே வந்து நிற்கும். அப்போது 125 மடங்கு ஜூம் எதற்கும் உதவாது. தேவைப்படுவது அண்டா. ஆனால் அதே புழுதியில் எஸ்.எல்.ஆரின் லென்ஸைக் கழற்றி மாற்றுகிறவர் சென்சாரில் மண்ணை வாங்கிக்கொள்கிறார்.

மூன்றாவது நிபந்தனையைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை: காற்று. வெயில் ஏறிய பிறகு நிலத்திலிருந்தும் நீரிலிருந்தும் எழும் வெப்ப அலைகள் தூரத்துக் காட்சியை நெளியச் செய்யும். அந்தக் கானலை எந்த லென்ஸும் வெல்ல முடியாது.

படம் யாருக்காக?

சாட்சிக்காக என்றால் பிரிட்ஜ் கேமராவுக்கு மரியாதை அதிகம். 2023-இல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டு, 178 இனங்களுக்கு உடனடிப் பாதுகாப்பு தேவை என்று வகைப்படுத்தியது. அதன் அடித்தளம், 30,000-க்கு மேற்பட்ட சாதாரணப் பறவை ஆர்வலர்கள் பதிவு செய்த 3 கோடிக்கு மேற்பட்ட குறிப்புகள். ஒரு மாவட்டத்தில் இதுவரை காணாத பறவையைப் பார்த்ததாக யாராவது எழுதினால், சரிபார்ப்பவர்கள் முதலில் கேட்பது படம். அந்தப் படம் சுவரில் மாட்டும் அழகோடு இருக்க வேண்டியதில்லை. அலகின் வளைவும் கண்புருவக் கோடும் தெரிந்தால் போதும். ஒரு காலத்தில் இந்தச் சாட்சிக்காகவே பறவையைச் சுட்டு, பாடம் செய்து அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டியிருந்தது.

நீண்ட ஜூமுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. எட்டாத லென்ஸ் வைத்திருப்பவருக்குக் கிட்டப் போக ஆசை வரும். கூட்டுக்கு அருகில் ஆள் நடமாடினால் தாய்ப்பறவை எழுந்து பறக்கும். முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காகத்துக்கும் இரையாகும். விலகி நின்று எடுக்க முடிகிறவர் அந்தப் பாவத்திலிருந்து தப்புகிறார்.

படம் பிழைப்புக்காக என்றால் கதை வேறு. கல்யாண மண்டபத்தின் மங்கலான விளக்கில், ஓடியாடும் கூட்டத்தில், பெரிய சென்சாரும் நல்ல ஃப்ளாஷும் வேண்டும். தொழில் கற்க விரும்பும் இளைஞருக்கு டி.எஸ்.எல்.ஆர். முதல் தவணை போன்றது. இன்று 18-55, நாளை கொஞ்சம் பணம் சேர்ந்ததும் விலை குறைந்த 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், பிறகு வேறொன்று. பிரிட்ஜ் கேமராவில் இந்த வளர்ச்சிக்கு இடமில்லை. வாங்கிய அன்று என்னவோ, கடைசி நாளிலும் அதுவேதான்.

ஆனால் இந்த வாதத்தை வீட்டில் சொல்லி எஸ்.எல்.ஆர். வாங்கிய பலர் இரண்டாவது லென்ஸை வாங்குவதே இல்லை. 18-55 மட்டும் பொருத்திய கேமராவோடு பரத்பூருக்குப் போகிறவருக்கு, செல்போன் வைத்திருப்பவரைவிடப் பெரிய அனுகூலம் எதுவும் கிடைத்துவிடாது. விலையை ஒப்பிடும்போது இரண்டு லென்ஸும் சேர்ந்த விலையைத்தான் பிரிட்ஜ் கேமராவோடு ஒப்பிட வேண்டும்.

சாயும் சூரியன்

இரண்டு வகைகளுக்கும் பொதுவான எதிரி சட்டைப் பைக்குள் இருக்கிறது. 2010-இல் உலகெங்கும் கடைகளுக்குப் போன டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல். 2023-இல் அது 80 லட்சத்துக்கும் குறைவு. செல்போன் சிறு கேமராக்களை விழுங்கியது. எஸ்.எல்.ஆரையோ, கண்ணாடி இல்லாத மிர்ரர்லெஸ் கேமராக்கள் ஓரங்கட்டின. 2020-இல் விற்பனைக்கு அனுப்பப்பட்ட எண்ணிக்கையில் அவை எஸ்.எல்.ஆரை முந்தின. நிக்கானின் ஆரம்பநிலை டி3500-க்கு அடுத்த மாடல் வரவே இல்லை. அதன் உற்பத்தியும் நிறுத்தப்பட்டது. கேனன் தன் கவனத்தை மிர்ரர்லெஸ்ஸுக்கு மாற்றி, 2023-இல் ஆர்100, ஆர்50 ஆகியவற்றை ஆரம்பநிலைக்காரர்களுக்காகக் கொண்டுவந்தது. பழைய கேனன் லென்ஸ்களை ஓர் இணைப்பு வளையத்தின் மூலம் அவற்றிலும் பொருத்தலாம் என்பது எஸ்.எல்.ஆர். வாங்குபவருக்கு ஆறுதல்.

எஸ்.எல்.ஆரின் அஸ்தமனம் பட்ஜெட்காரர்களுக்கு லாபமாகவும் முடிகிறது. தில்லி சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி, மும்பை கோட்டைப் பகதியின் போரா பஜார் போன்ற கேமராச் சந்தைகளில் பழைய எஸ்.எல்.ஆர்களும் லென்ஸ்களும் கைமாறுகின்றன. அங்கே போகிறவர் கவனிக்க வேண்டியவை இரண்டு: ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்ற எண்ணிக்கை; லென்ஸை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலைபோல் பூஞ்சை தெரிகிறதா என்பது. கடற்கரை ஊர்களில் இருந்து வந்த லென்ஸ் என்றால் இரட்டிப்புக் கவனம் தேவை. பழைய பிரிட்ஜ் கேமரா வாங்குபவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஜூம் மோட்டார் பழுதானால் லென்ஸை மட்டும் மாற்றிக்கொள்ள முடியாது.

கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய எளிய சோதனை ஒன்று உண்டு. கடந்த ஓராண்டில் செல்போனில் எடுக்க முயன்று கைவிட்டுப் போன படங்களை ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். பத்து தேறினால் போதும். அவற்றில் பெரும்பாலானவை தூரத்தால் தப்பியவை என்றால் பிரிட்ஜ் கேமரா. இருட்டாலோ வேகத்தாலோ தப்பியவை என்றால் எஸ்.எல்.ஆர்., அல்லது அதே விலைக்குக் கிடைத்தால் மிர்ரர்லெஸ். பத்துகூடத் தேறவில்லை என்றால் பணம் வங்கியிலேயே இருக்கட்டும். சட்டைப் பையில் இருப்பதே போதுமான கேமராதான்.