இரண்டு சதவீதம் யாருக்காக?

சென்னையில் வீடு விற்கக் கிளம்புகிறவர் காதில் முதலில் விழுவது 'ரெண்டு பர்சென்ட்'. விற்கிறவரிடம் இரண்டு, வாங்குகிறவரிடம் இரண்டு என்று தரகர் ஆரம்பிப்பார். இவர் ஒன்றுக்கு இழுப்பார். பெரும்பாலும் இரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில் எங்காவது பேச்சு முடியும். 80 லட்சம் ரூபாய் வீட்டுக்கு இரண்டு சதவீதம் என்றால் 1,60,000 ரூபாய். ஒன்றரைக்கு முடித்துவிட்டால் 40,000 மிச்சம். விற்கிறவர் அதோடு தரகுப் பேச்சு முடிந்தது என்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். இந்த விகிதத்தை எந்தச் சட்டமும் நிர்ணயிக்கவில்லை, வழக்கம்தான் நிர்ணயித்தது. ஆகவே பேரம் பேசுவதில் தவறே இல்லை. ஆனால் பெரிய தொகை கைநழுவுவது வேறு இடத்தில். இந்தத் தரகர் யாருடைய ஆள், எந்த வேலை முடிந்தால் அவருக்குக் காசு, எந்தத் தொகையின் மேல் அந்தச் சதவீதம் ஆகிய மூன்றையும் பேசாமல் விடுகிறவர், மிச்சம் பிடித்த 40,000 ரூபாயைப் போல ஐந்தாறு மடங்கை இழக்கக்கூடும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். 80 லட்சத்துக்கு ஒரு 'பார்ட்டி' தயாராக இருக்கிறது. இன்னும் ஆறு வாரம் பொறுத்தால் 84 லட்சத்துக்கு ஆள் வரலாம் என்று வைத்துக்கொள்வோம். பொறுத்தால் விற்கிறவருக்குத் தரகு போகக் கூடுதலாக வருவது 3,92,000 ரூபாய். தரகருக்குக் கூடுதலாக வருவது 8,000 ரூபாய். இரண்டு பக்கமும் தரகு வாங்குகிறவரானால் 16,000. அந்த எட்டாயிரத்துக்காக அவர் ஆறு வாரம் பெட்ரோல் போட்டு அலைய வேண்டும், கையில் இருக்கும் பார்ட்டியை இழக்கும் அபாயத்தையும் ஏற்க வேண்டும். 'சார், இதுக்கு மேல போகாது, முடிச்சிடுங்க' என்று அவர் சொல்வதற்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை. கணக்கே அப்படித்தான் சொல்ல வைக்கும். இதை ஊகம் என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் ஸ்டீவன் லெவிட், சாட் சிவர்சன் இருவரும் சிகாகோ பகுதியில் நடந்த ஏறக்குறைய ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்றபோது, வாடிக்கையாளர் வீடுகளைவிட சராசரியாக ஒன்பதரை நாள் கூடுதலாகக் காத்திருந்தார்கள். அதேபோன்ற வீட்டுக்கு 3.7 சதவீதம் கூடுதல் விலையும் பெற்றார்கள். நம் 80 லட்சம் வீட்டில் 3.7 சதவீதம் என்பது 2,96,000 ரூபாய். விற்கிறவர் கொடுக்கும் முழுத் தரகைவிட அதிகம்.

சிகாகோ கணக்கு சென்னைப் புறநகர்ச் சேலையூருக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். அந்த எண் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது; அங்கே விற்பனைக்கு வரும் வீடுகள் தரகர்கள் பகிர்ந்துகொள்ளும் பொதுப் பட்டியலில் ஏறுகின்றன, இங்கே அப்படி ஒன்று இல்லை. ஆனால் வேறுபாடு நமக்குச் சாதகமாக இல்லை. நம் ஊரில் ஒரே தரகர் இரண்டு பக்கமும் தரகு வாங்குவது சாதாரணம். விற்கிறவருக்கு விலை ஏற வேண்டும், வாங்குகிறவருக்கு இறங்க வேண்டும். இருவரிடமும் காசு வாங்குகிறவருக்கு ஏறினாலும் இறங்கினாலும் ஒன்றுதான், வியாபாரம் முடிய வேண்டும். இதனால் விற்கிறவர் கடைசியாக எவ்வளவுக்கு இறங்குவார் என்ற ரகசியம் எதிர்த்தரப்புக்குப் போக எல்லா வாய்ப்பும் உண்டு. 'வாங்குகிறவர் கொடுக்கும் தரகு அவர் பாடு, நமக்கென்ன' என்பதும் சரியான கணக்கு அல்ல. அவர் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், தரகு, வங்கிச் செலவு எல்லாவற்றையும் கூட்டித்தான் தன் கையிருப்புக்குள் அடங்குமா என்று பார்க்கிறார். அவர் தரகுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு விலையில் குறைத்துக் கேட்கப்படும் பணம்தான்.

தரகர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பத்துப் பேருக்கு வீட்டைக் காட்டினால் ஒருவர் பேச்சுக்கு உட்காருவார். உட்காருகிறவர்களிலும் சிலர் வீட்டைப் பார்த்த மறுநாளே உரிமையாளரை நேரில் பிடித்து, 'புரோக்கர் எதுக்கு, நாமே பேசிக்கலாமே' என்பார்கள். முடிந்த ஒரு வியாபாரத்தின் தரகில்தான் முடியாத பல வியாபாரங்களின் அலைச்சலும் அடங்குகிறது. இரண்டு பக்கமும் கேட்பதற்கு ஒரு பக்கம் ஏமாற்றிவிடும் என்ற பயமும் காரணம். தரகரே வேண்டாம் என்று இணையத்தில் விளம்பரம் போடுகிறவர்களும் உண்டு. போட்ட அன்றைக்கே வரும் அழைப்புகளில் பாதி, 'சார், என்கிட்ட ஒரு பார்ட்டி இருக்கு' என்று ஆரம்பிக்கும். வீடு காட்டவும் பொய்க் கேள்விகளை வடிகட்டவும் பேச்சு முறியும் நேரத்தில் இரு தரப்பையும் திரும்ப உட்கார வைக்கவும் நேரமும் பொறுமையும் இருக்கிறவருக்குத் தரகர் தேவையில்லை. மற்றவர்களுக்கு அது காசு கொடுத்து வாங்க வேண்டிய வேலைதான். கொடுக்கிற காசு அந்த வேலையைச் செய்யத் தூண்டுகிறதா என்பதே இங்கே கேள்வி.

நிச்சயம் தூண்டாத ஒரு முறை புழக்கத்தில் இருக்கிறது. 'உங்களுக்குக் கையில எவ்வளவு வரணும், சொல்லுங்க' என்று தரகர் கேட்பார். எண்பது என்று சொன்னால், 'தரகே வேண்டாம், எண்பது உங்க கைக்கு வந்துடும், மேல வர்றதை நான் பார்த்துக்கிறேன்' என்பார். கேட்க இனிமையாக இருக்கும். வீடு 86-க்குப் போனால் தரகு ஆறு லட்சம், அதாவது ஏழு சதவீதம். ஒப்புக்கொண்டு கொடுத்தால் அது விற்கிறவர் இஷ்டம். ஒப்புக்கொள்ளாமல், தெரியாமல் நடப்பதுதான் சிக்கல். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் முகவரைப் பற்றி விரிவாகவே பேசுகிறது. முதலாளிக்குத் தெரியாமல் முகவர் அந்த வியாபாரத்தைத் தன் கணக்கில் செய்துகொண்டால், அதில் அவர் அடைந்த ஆதாயத்தைக் கேட்டு வாங்க முதலாளிக்கு உரிமை உண்டு என்கிறது பிரிவு 216. முகவர் பணியில் முறைகேடு செய்தால், அந்த முறைகேடான பகுதிக்கு அவருக்குக் கூலி கிடையாது என்கிறது பிரிவு 220. தரகரை முகவராக நியமித்ததற்கு ஒரு வரி எழுத்தாவது கையில் இருந்தால்தான் இந்தப் பிரிவுகளுக்கு உயிர் வரும். ஒன்றும் இல்லாவிட்டால், 'நான் சும்மா ஆளை அறிமுகப்படுத்தினேன், அவ்வளவுதான்' என்று அவர் ஒதுங்கிக்கொள்ளலாம். விற்பனை ஒப்பந்தத்தையோ பொது அதிகாரப் பத்திரத்தையோ தரகர் தன் பெயரில் எழுதித்தரக் கேட்டால், அவர் தரகராக இருப்பதை விட்டு வியாபாரியாகிவிட்டார் என்றே கொள்ள வேண்டும்.

தரகு எப்போது கொடுக்க வேண்டியதாகிறது என்பதில்தான் அதிகச் சண்டை. ஒப்பந்தம் போடும் அன்று பாதி, பத்திரப் பதிவு அன்று மீதி என்று பலர் கேட்கிறார்கள். நடுவில் வங்கி கடனை மறுக்கலாம்; வாங்குகிறவரின் வழக்கறிஞர் தாய்ப்பத்திரத்தில் ஒரு வாரிசின் கையெழுத்து விடுபட்டிருப்பதைக் கண்டுபிடிக்கலாம். கொடுத்த பாதி திரும்புமா? தனி ஒப்பந்தம் ஏதும் இல்லாவிட்டால், ஒப்படைத்த வேலை முடியும்வரை கூலி கொடுக்க வேண்டியதில்லை என்பது பிரிவு 219. ஒப்படைத்த வேலை எது என்பதைச் சட்டம் சொல்லாது. வாங்க ஆள் கண்டுபிடிப்பதா, கிரயம் பதிவாவதா? உச்ச நீதிமன்றம் தொடங்கிய ஆண்டான 1950-லேயே கல்கத்தா வீடு ஒன்றின் தரகு வழக்கு அதன் முன் வந்தது. உரிமையாளர் தரகருக்கு எழுதிக்கொடுத்த கடிதத்தின் வாசகத்தை வைத்தே நீதிபதிகள் ஆராய்ந்தார்கள். இத்தகைய வழக்குகளில் பொது விதியைவிட, இருவரும் என்ன எழுதிக்கொண்டார்கள் என்பதுதான் எடைபோடப்படுகிறது. ஆகவே 'கிரயப் பத்திரம் பதிவான அன்று, முழுத் தொகையும் வந்தபின் தரகு' என்ற ஒரு வரிக்கு உள்ள மதிப்பு அரை சதவீதத்தை விட அதிகம்.

'அதற்குத்தான் ரெரா இருக்கிறதே' என்று சொல்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் முகவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. மீறினால் நாளுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்து விலையில் 5 சதவீதம் வரை அபராதம். ஆனால் அந்தக் கட்டாயம், அந்தச் சட்டத்தின்கீழ் பதிவான மனைப் பிரிவுகளிலும் அடுக்ககத் திட்டங்களிலும் விற்றுக் கொடுப்பவர்களுக்குத்தான். இருபது வருடம் குடியிருந்த சொந்த வீட்டை விற்கும்போது அந்தக் குடை நம் தலைக்கு மேல் வராது. தரகர் நீட்டும் அட்டையில் ரெரா எண் இருந்தால் நல்லதுதான், அவர் யார் என்று தெரியும். நம் தரகு வழக்கை அந்த ஆணையம் தீர்த்துவைக்கும் என்று அதற்குப் பொருள் இல்லை.

எழுத்து என்று பேசினாலே எந்தத் தரகரும் கழன்றுகொள்வார் என்பது வழக்கமான ஆட்சேபம். சிலர் கழன்றுகொள்வார்கள்தான். இங்கிலாந்தில் 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தரகு எவ்வளவு, எப்போது என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்காத முகவர், நீதிமன்ற அனுமதி இல்லாமல் தரகை வசூலிக்க முடியாது; அதனால் அங்கே தரகுத் தொழில் அழிந்துவிடவில்லை. நமக்கு அந்த அளவு கூட வேண்டாம். முத்திரைத்தாளைக் கண்டால் மிரளுகிறவரும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பத் தயங்க மாட்டார். ஆள் அழைத்து வருமுன் வருகிறவர் பெயரும் தேதியும். அவர் வாங்கிக் கிரயம் பதிவானால் இத்தனை சதவீதம். அது பத்திரத்தில் எழுதும் விலையின் மேல். எதிர்த்தரப்பிலும் வாங்குவதானால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நான்கு வரி, பதிலுக்கு ஒரு 'சரி'. வீட்டைப் பல தரகர்களிடம் சொல்லி வைத்திருக்கிறவருக்கு இது இன்னும் அவசியம். ஒரே பார்ட்டியை மூன்று பேர் 'நான்தான் முதலில் கூட்டிவந்தேன்' என்று உரிமை கொண்டாடும் நாளில் தேதிதான் பேசும். தரகருக்கும் இதில் லாபம் உண்டு. அவரைத் தாண்டிப் போய் முடித்துக்கொள்ளும் உரிமையாளரிடம் கேட்க அவர் கையில் இன்று ஒன்றும் இல்லை.

இதற்கும் ஒரு படி மேலே போய், தரகின் வடிவத்தையே மாற்றலாம். 80 லட்சம் வரை ஒரு சதவீதம், அதற்கு மேல் வரும் தொகையில் பத்து சதவீதம் என்று வையுங்கள். வீடு 84-க்குப் போனால் தரகருக்கு 80,000 உடன் 40,000, மொத்தம் 1,20,000. இரண்டு சதவீதக் கணக்கில் 1,68,000 போயிருக்கும். விற்கிறவருக்குச் செலவு குறைகிறது. ஆனால் தரகருக்கு அந்தக் கடைசி நாலு லட்சம் எட்டாயிரத்துக்குப் பதில் நாற்பதாயிரம் தருகிறது, ஆறு வாரம் அலையக் காரணம் கிடைக்கிறது. எதிர்த்தரப்பிடம் தரகு இல்லை என்ற நிபந்தனையோடு இதைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. அடிப்படை விலையைத் தரகரே தாழ்த்திச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? அதைத்தான் அவரிடம் கேட்கவே கூடாது. பதிவுத் துறை இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பு இருக்கிறது. அது சந்தை விலை அல்ல, பல தெருக்களில் தரைதான். அதே சர்வே எண்ணுக்கும் பக்கத்து எண்களுக்கும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால், அண்மையில் பதிவான கிரயங்களின் தொகை தெரியும். பத்திரத்தில் குறைத்து எழுதும் பழக்கம் இருப்பதால் அதற்கு மேல்தான் உண்மை விலை இருக்கும். வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கிகளுக்கு மதிப்பீடு செய்கிற பொறியாளரிடம் தனியாக ஒரு மதிப்பீடு வாங்கினால், ஆகும் செலவு தரகில் ஒரு சிறு துண்டு.

குறைத்து எழுதும் அந்தப் பழக்கம் தரகுக் கணக்கையும் கெடுக்கிறது. பேசிய விலை ஒன்று, பத்திர விலை ஒன்று என்றால் தரகர் பேசிய விலைக்குத்தான் சதவீதம் கேட்பார், ரொக்கமாகவே கேட்பார். ரொக்கத்துக்கு ரசீது வராது. வீடு விற்ற லாபத்துக்கு வரி கணக்கிடும்போது, விற்பனைக்காகவே கொடுத்த தரகை விற்ற தொகையிலிருந்து கழித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரி கட்டுகிறவருக்கு 1,60,000 ரூபாய்த் தரகில் வரி மட்டும் 20,000 குறையும். வங்கி வழியாகக் கொடுத்துப் பெயர், பான் எண், வீட்டின் முகவரி எழுதிய ரசீது வாங்கியவருக்குத்தான் அது. ஜிஎஸ்டி 18 சதவீதம் தனியாக வேண்டும் என்று தரகர் கேட்டால் முதலில் அவருடைய பதிவு எண்ணைக் கேட்க வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கிற தரகர் பெரும்பாலும் பதிவு செய்ய வேண்டிய அவசியமே இல்லாதவர். பதிவு இல்லாதவர் வரி வசூலிக்க முடியாது. பதிவு உள்ளவரானால் 1,60,000 என்று பேசிய தரகு 1,88,800 ஆகும். அந்த 28,800 பேசிய தொகைக்குள் அடக்கமா, வெளியே தனியா என்பதையும் மேலே சொன்ன நான்கு வரிகளோடு ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம்.